நாற்பத்தொரு கண்ணி

கோப்பாயில் புதிதாகத் திறக்கவிருந்த பெண்கள் கைப்பணி நிலையத்திலிருந்து திங்கட்கிழமை காலை என் தங்கச்சி நாகேஸ்வரிக்குக் கடிதம் வந்தது. பின்னல் போதனாசிரியை வேலைக்கு வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு நேர்முகத் தேர்வு. சொந்த ஊசியும் கம்பளி நூலும் கொண்டுவந்து, தேர்வாளர் முன்னிலையில் ஆறு அங்குலச் சதுரம் ஒன்றை 'மொஸ் ஸ்டிச்'சில் பின்னிக் காட்ட வேண்டும்.

அவள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அண்ணை, விண்ணப்பத்திலை என்ன எழுதினனியள்?"

"பின்னல் வேலை தெரியுமோ எண்டு கேட்டிருந்தவை. நல்லாய்த் தெரியும் எண்டு எழுதினன்."

"என்ன பின்னல் எண்டு நினைச்சனியள்?"

நான் கிடுகுப் பின்னல், தென்னோலை முடைகிறது என்று நினைத்திருந்தேன். கொடிகாமம் சந்தையில் தேங்காயும் கிடுகும் விற்கிற வீட்டில் பிறந்தவனுக்குப் பின்னல் என்றால் வேறு என்ன நினைவு வரும்? நாகேஸ் தென்னோலைக்கு முன்னால் குந்தினாளென்றால், கூலிக்குப் பின்ன வருகிற பெண்கள் தங்கள் கையை நிறுத்திவிட்டு அவள் கையைப் பார்ப்பார்கள். அந்தப் பெருமையில் 'நல்லாய்' என்பதை நானாகவே சேர்த்தேன். சரக்கைப் பற்றிக் கொஞ்சம் கூட்டிச் சொல்லாமல் ஒரு வசனத்தை முடிக்க எங்கள் வீட்டில் ஒருவருக்கும் வராது.

இதற்கு முதல் அவள் விண்ணப்பித்த மூன்று வேலைகளும் தவறிப்போயிருந்தன. வயதெல்லை இருபத்தேழு. ஆவணி வந்தால் அவளுக்கு இருபத்தெட்டு. அதாவது இது நாலாவது. ஐந்தாவது என்று ஒன்று இல்லை. இதுவும் தவறினால் கடைக்குள் சாக்குக் கட்டுகளுக்கு நடுவே எங்களைப் பெற்ற ஐயாவின் கண்ணுக்கு முன்னால் காலம் முழுக்க இருக்க வேண்டியதுதான். ஐயா நல்ல மனிதர். ஆனால் பத்து நிமிடத்துக்கு ஒருதரம் "பிள்ளை" என்று கூப்பிடுவார், ஒரு வேலையும் இருக்காது.

"நாலு நாள் கிடக்கு" என்றேன்.

"நாலு நாளிலை ஆர் எனக்கு உதைப் பழக்குவினம்?"

ஹப்ஸா இருந்தாள். யாழ்ப்பாணம் பட்டினத்தில் இருந்த அவள், பள்ளிக்கூடத்தில் நாகேசுக்குப் பக்கத்து வாங்கில் இருந்து படித்தவள். தகப்பனார் நுவரெலியாவில் கடை வைத்திருந்தபோது அங்கே குளிரில் பின்னல் பழகினவள். செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸில் நானும் தங்கச்சியும் அவள் வீட்டு வாசலில் நின்றோம்.

விஷயத்தைக் கேட்டதும் ஹப்ஸா சிரிக்கவில்லை.

"ஊசி கிடக்கோ?"

நான் கடதாசிச் சுருளை அவிழ்த்தேன். வெளிநாட்டுச் சாமான் ஒன்றும் வராத காலம். சைக்கிள் கடையில் இரண்டு சில்லுக் கம்பியை நிமிர்த்தி, முனையை அரத்தால் தேய்த்து வாங்கியிருந்தேன். அவள் முனையை விரலில் குத்திப் பார்த்தாள்.

"உது காணும். நூலுக்கு வாப்பாவின்ரை பழைய சுவெற்றரை அவுப்பம். இப்ப பாரடி நாகேஸ். ரெண்டு கண்ணிதான் உலகத்திலை கிடக்கு. ஊசியை முன்னாலை குத்தி எடுத்தா பிளேன். நூலை முன்னுக்குக் கொண்டுவந்து பின்னாலை குத்தி எடுத்தா பேர்ல். ஒண்டு பிளேன், ஒண்டு பேர்ல், ஒண்டு பிளேன், ஒண்டு பேர்ல். வரி முடிஞ்சா திருப்பு. திரும்பவும் பிளேனிலை தொடங்கு. எல்லா வரியும் ஒரே மாதிரி. உதுதான் மொஸ் ஸ்டிச். அரிசி பரப்பினது போலை புள்ளி புள்ளியாய் வரும்."

முதல் கண்ணிகளை ஹப்ஸாவே ஊசியில் ஏற்றி, ஏற்றுகிற விதத்தையும் காட்டிக் கொடுத்தாள். மத்தியானத்துக்குள் நாகேசின் கையில் அரிசி விளைந்தது. மேடும் பள்ளமும் மாறி மாறி, தொட்டால் விரலுக்குச் சொரசொரத்தது. ஹப்ஸா ஒரு துண்டில் எழுதித் தந்தாள்: நாற்பத்தொரு கண்ணி. எல்லா வரியும் பிளேன், பேர்ல். மறக்கக்கூடாதென்று நாற்பத்தொன்றுக்குக் கீழே கோடு போட்டாள்.

பஸ்ஸில் வரும்போது நாகேஸ் யன்னலோரம் சிரித்துக்கொண்டு வந்தாள்.

புதன்கிழமை காலை அந்தப் பின்னலை அவிழ்த்து, முதலிலிருந்து தொடங்கினோம். கண்ணி ஏற்றுகிறவள் நூலில் கவனமாக இருக்க வேண்டும் என்பதால் எண்ணுகிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். தேங்காய் எண்ணி எனக்கு இருபது வருடப் பழக்கம்.

"லாபம், ஒண்டு, ரெண்டு, மூண்டு..."

"கொஞ்சம் மெல்ல, அண்ணை."

"...முப்பத்தொன்பது, நாப்பது, நாப்பத்தொண்டு. நிப்பாட்டு."

அவள் பின்னினாள். மூன்று வரி, நாலு வரி, ஐந்து வரி. ஆறாவது வரியில் கையை நிறுத்திப் பின்னலை வெளிச்சத்தில் பிடித்தாள். அரிசி இல்லை. மேலிருந்து கீழாகக் கோடு கோடாக, சட்டைக் கைவிளிம்பு மாதிரி நெருக்கிக்கொண்டு வந்திருந்தது.

"பிளேனையும் பேர்லையும் மாறிப் போட்டிட்டாய்."

"இல்லை."

"நித்திரைக் கண்ணிலை—"

"எனக்கு நித்திரை எங்கை வந்தது?"

அவிழ்த்தோம். நான் இன்னும் கவனமாக எண்ணினேன். கோடு. மத்தியானம் அவிழ்த்தோம். கோடு. வியாழக்கிழமை விடிய அவிழ்த்தோம். வாய் பிளேன் பேர்ல் என்று முணுமுணுக்க, கை சொன்னபடி செய்ய, அது தன்பாட்டுக்குக் கோடாகத்தான் வந்தது. நூல் தும்பு தும்பாகக் கிளம்பத் தொடங்கியது. இன்னும் மூன்று தரம் அவிழ்த்தால் அறுந்துபோகும். வேறு நூல் இல்லை.

நாகேஸ் அழவில்லை. ஊசியை மடியில் வைத்துவிட்டு, "அண்ணை, எனக்குக் கை வராது. போகேல்லை எண்டு எழுதிப் போடுங்கோ" என்றாள். சந்தையில் விலை படியாமல் திரும்பிப் போகிற ஆட்களை ஆயிரம் தரம் கூப்பிட்டு நிறுத்தியிருக்கிறேன். அந்தக் கூப்பாடு இவளிடம் எடுபடாது. பின்னலை ஊசியோடு கடதாசியில் சுற்றிக்கொண்டு பட்டினத்துக்குப் பஸ் ஏறினேன்.

ஹப்ஸா பின்னலை வாங்கிப் பார்த்துவிட்டு விரலால் கண்ணிகளைத் தள்ளித் தள்ளி எண்ணினாள்.

"நாப்பத்திரெண்டு கிடக்கு."

"நாப்பத்தொண்டு. நான்தான் எண்ணினனான்."

"எங்கை, எண்ணிக் காட்டுங்கோ அண்ணை."

"லாபம், ஒண்டு, ரெண்டு..."

"நில்லுங்கோ" என்றாள். "அதென்ன லாபம்?"

"முதல் காய்க்கு லாபம் எண்டு சொல்லிறது. கைராசிக்கு."

"அது எனக்குத் தெரியும். எங்கடை வாப்பாவும் ஒண்டு எண்டு சொல்ல மாட்டார், பரக்கத் எண்டுதான் தொடங்குவார். ஆனா அடுத்தது ரெண்டு. நீங்கள் லாபத்துக்குப் பிறகு திரும்ப ஒண்டு எண்டு சொல்லிறியள்."

"எங்கடை கடையிலை அப்பிடித்தான். லாபக் காய், வாங்கிற ஆளுக்கு மேலதிகமாய்க் குடுக்கிறது. கணக்கிலை சேர்க்கிறேல்லை."

ஹப்ஸா இப்போதுதான் சிரித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அண்ணை, நூலுக்கு உங்கடை கைராசி விளங்குமே? கண்ணி ஒற்றையா இருந்தாத்தான் வரி பிளேனிலை முடியும், திருப்பினால் புள்ளி மாறி விழும். இரட்டையா இருந்தா பிளேனுக்கு மேலை பிளேன், பேர்லுக்கு மேலை பேர்ல். கோடுதான் வரும். அவளிலை ஒரு பிழையும் இல்லை."

இரண்டு நாளாக நான் அவளைத்தான் பிழை சொல்லியிருந்தேன். திரும்பி வரும்போது பஸ் ஓடுகிறதா நிற்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது நாகேஸ் என்னை ஏசவில்லை. கடதாசியை வாங்கி நூலை அவிழ்த்தாள். "நீங்கள் வாய் திறக்கப்படாது" என்று மட்டும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை கோப்பாயில் எட்டுப் பெண்கள் வந்திருந்தார்கள். மற்ற ஏழு பேரிடமும் தோல் பை, முந்திக் கடையில் வாங்கின ஊசி. மண்டபத்துக்கு அரைச்சுவர்தான், நான் வெளியே வேப்பமரத்தடியில் நின்றால் உள்ளே நடப்பது தெரியும், கதைக்கிறதும் கேட்கும். தேர்வாளர் மிஸ் பெர்னடெட், கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு, கதிரைகளுக்கு இடையில் நடந்தார்.

நாகேஸ் கண்ணி ஏற்றத் தொடங்கினாள். அவள் உதடு அசைந்தது. அவளும் எங்கள் வீட்டுப் பிள்ளைதான். பேசப் பழகமுதல் லாபம் சொல்லப் பழகினவள். அவசரத்தில் வாய் பழைய பாட்டுக்குப் போனால்? நானும் மரத்தடியில் நின்று எண்ணினேன். முப்பதில் அவளுக்கு முன்னால் போய்விட்டேன், முப்பத்தாறில் எனக்கே தவறிப்போனது. அவள் நிறுத்திவிட்டாள். நாற்பத்தொன்றா, நாற்பத்திரண்டா? ஐந்தாறு வரி வராமல் தெரியாது. காவல்காரர் வந்து, "ஏன் தம்பி, வயித்துக்குத்தோ?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

அரை மணித்தியாலம் போனது. அவள் பின்னலைத் திருப்பும்போது ஒரு கணம் வெயில் பட்டது. புள்ளி புள்ளியாக இருந்தது. அரிசி. நான் மரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

ஆனால் அதோடு முடியவில்லை. மிஸ் பெர்னடெட் தன் பையிலிருந்து ஒரு துண்டுப் பின்னலை எடுத்து உயர்த்திப் பிடித்தார். கோடு கோடாக இருந்தது. "பிள்ளை ஒண்டு மொஸ் ஸ்டிச் எண்டு உதைப் பின்னிக்கொண்டு வந்தா என்ன சொல்லுவியள்?" ஒருத்தி, நூல் இழுவை கூடிப்போச்சு என்றாள். இன்னொருத்தி, பிளேனையும் பேர்லையும் மாறிப் போட்டிருக்கிறா என்றாள். நாகேசின் முறை வந்தது.

"ஒரு கண்ணி பிழை, மிஸ். இரட்டையாய்ப் போச்சு. பின்னின பிள்ளையிலை பிழை இல்லை. எண்ணினவரிலைதான்."

"நிச்சயமாய்த் தெரியுமோ?"

"ரெண்டு நாள் அவுத்து அவுத்துப் பின்னினனான்."

மிஸ் பெர்னடெட் அவள் கையிலிருந்த தும்பு கிளம்பின நூலைத் தொட்டுப் பார்த்தார். "எப்ப பழகினனீர்?"

ஆறு வருடம் என்று சொல்லு என்று நான் அவளுக்குப் பஸ்ஸில் பத்துத் தரம் சொல்லியிருந்தேன். யாரும் கேட்டால் முதலில் கூட்டித்தான் சொல்ல வேண்டும், பிறகு இறங்கலாம். அரைச்சுவருக்கு மேலால் அவளைப் பார்த்து ஆறு விரலைக் காட்டினேன்.

"செவ்வாய்க்கிழமை, மிஸ்."

மிஸ் பெர்னடெட் கண்ணாடிக்கு மேலால் என்னையும் என் ஆறு விரலையும் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அடுத்த கதிரைக்குப் போனார்.

இரண்டு மணிக்கு முடிவு சொல்வோம் என்றார்கள். அதுவரைக்கும் நாங்கள் சாப்பிடவில்லை. இரண்டேகாலுக்கு அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். வெளியே வரும்போது அவள் முகம் வெளுத்திருந்தது.

"இல்லையாமோ?" என்றேன்.

"தந்திட்டினம். ஆறு மாதம் பாப்பினமாம். பழகத் தொடங்கின பிள்ளை எங்கை தடக்கி விழும் எண்டு தெரிஞ்ச ஆள்தான் வேணுமாம்."

"பிறகேன் முகத்தை உப்பிடி வைச்சிருக்கிறாய்?"

"திங்கட்கிழமை முப்பது பிள்ளையள் வருகினம். முதல் கிழமை மொஸ் ஸ்டிச். ரெண்டாம் கிழமை கேபிள் ஸ்டிச்சாம். அண்ணை, கேபிள் எண்டால் என்ன?"

எனக்குத் தெரிந்த கேபிள் தந்திக் கந்தோரில் அடிக்கிறதுதான். அதைச் சொல்லாமல் வீதிக்கு ஓடி, யாழ்ப்பாணம் பக்கம் போகிற பஸ்ஸை மறித்தேன். ஹப்ஸா வீட்டில் இருக்க வேண்டும்.