ஊர்ப் பெயரைத் தேய்க்கும் நாள்

“அந்த உப்புத்தாளைக் கீழ வை, மெர்ல்.”

“ஒரு வருசம் முடிஞ்சா தேய்க்கணும். இங்க எல்லாரும் அப்படித்தான...”

“எல்லாரும் பொண்டாட்டியக் கேட்டுட்டுத் தேய்ச்சாங்க.”

“கேட்டேனே! போன வாரம் கேட்டேன். நீ பாத்திரம் கழுவிக்கிட்டு...”

“கழுவிக்கிட்டிருந்தேன். வீட்டைப் பத்திக் கேட்டியா நீ? குழாயை மூடு, தொட்டி காலியாகுதுன்னு கத்தின. அதுதான் காதுல விழுந்துச்சு.”

“பாலைவனத்துல தண்ணிய மிச்சம் பிடிக்கச் சொன்னா அதுவும் குத்தமா?”

நாங்கள் மடக்கு நாற்காலிகளை விரித்து வட்டமாகப் போடுவதற்குள்ளேயே ஹாகன் தம்பதி ஆரம்பித்துவிட்டார்கள். மெர்ல் ஒரு கையில் பலகையும் மறு கையில் உப்புத்தாளுமாக நின்றார். ஆர்லிஸ் பலகையின் மறுமுனையைப் பிடித்திருந்தாள். எழுபதைத் தொட்ட இரண்டு பேர், ஒரு முழ நீளப் பலகைக்குப் பிள்ளைகளைப் போல இழுபறி. அவர்களுடைய நாய் கிரேவி, தொங்கு காதுக்காரி, ஆர்லிஸின் செருப்பின் மேல் தலை வைத்துப் படுத்திருந்தது.

குளிர்காலத்தில் அரிசோனாவின் இந்தக் கட்டாந்தரைக்கு வண்டியிலேயே குடித்தனம் நடத்துகிறவர்கள் எல்லாரும் வந்து சேர்ந்துவிடுவோம். ஒவ்வொரு வண்டிக்கு முன்னாலும் ஒரு மரப்பலகை தொங்கும். மேலே பெயர், கீழே ஊர். எங்கள் வட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. வருசம் முழுக்க வண்டியில் வாழ்ந்து முடித்தவர்கள் மாலை நாலு மணிக்குக் கூடும் வட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் அந்த வருசத்தைச் சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் பலகையில் உள்ள ஊர்ப் பெயரைத் தேய்த்து அழித்துவிட வேண்டும். இனி உனக்கு ஊர் கிடையாது, சாலைதான். நான் என் கணவர் போன மறு வருசம் தனியாகத் தேய்த்தேன். எதிர்த்துப் பேச ஆளில்லாததால் சீக்கிரம் முடிந்தது.

ஹாகன்களின் பலகையில் ‘மெர்ல், ஆர்லிஸ்’ என்றிருந்தது. அதன் கீழே ‘ஸ்டோர்விக், மினசோட்டா’.

ஸ்டோர்விக்கில் அவர்களுக்கு இன்னும் வீடு இருந்தது. ஓர் இளம் ஜோடிக்கு ஒரு வருசம் வாடகைக்கு விட்டுவிட்டுத்தான் கிளம்பியிருந்தார்கள். இப்போது அந்த ஜோடி வீட்டை விலைக்குக் கேட்கிறது. மெர்ல் ஆர்லிஸைக் கேட்காமலேயே சரி என்று தலையாட்டிவிட்டார். ஆனால் வீடு இரண்டு பேர் பெயரிலும் இருந்தது. இரண்டு கையெழுத்தும் விழாமல் விற்க முடியாது. இன்று ஐந்து மணிக்கு அந்த ஜோடி ஆர்லிஸைப் போனில் கூப்பிட்டு முடிவு கேட்கப் போகிறது. இதெல்லாம் யாரும் என்னிடம் சொன்னதில்லை. என் வண்டி அவர்கள் வண்டிக்குப் பக்கத்தில் நிற்கிறது, வண்டிச் சுவர் அட்டை கனம்தான்.

“பலகைய என்கிட்ட குடுங்க ரெண்டு பேரும்” என்றாள் கார்னெட். லாரி ஓட்டியே வயதானவள். இந்த வழக்கத்தை ஆரம்பித்ததும் அவள்தான். “மொதல்ல வருசத்தைச் சொல்லுங்க. அப்புறம் எதைத் தேய்க்கறது, யாரைத் தேய்க்கறதுன்னு பார்க்கலாம்.”

மெர்ல் பலகையை விட்டார், உப்புத்தாளை விடவில்லை. பியர் டப்பாவைத் திறந்தார்.

“இருபத்தேழு மாநிலம்!” என்றார், வண்டிக் கதவில் போன மாநிலங்களின் ஸ்டிக்கர்களை ஒட்டி வந்த வரைபடத்தைக் காட்டி.

“இருபத்தாறு.”

“எண்ணிப் பாரு. கண்ணாடிய மாட்டிட்டு எண்ணு.”

“படுத்துத் தூங்கின மாநிலத்தைத்தான் ஒட்டணும். மொன்டானால நீ தூங்கின, நான் தூங்கல. மேட்டுல சாய்வா நிறுத்திட்டு நீ சுவத்துப் பக்கம் படுத்துக்கிட்ட. விடிய விடிய நான் கட்டில் சட்டத்தைப் பிடிச்சுக்கிட்டு, உருண்டு அடுப்புல போய் விழாம தொங்கிக்கிட்டிருந்தேன்.”

“எழுப்பியிருக்கலாம்ல?”

“எழுப்பினேன். ‘காலைல சரியாயிடும்’ன்னு சொல்லிட்டுக் கொறட்டை விட்ட.”

சிலர் சிரித்தார்கள். மெர்லும் சிரித்தார். அவருக்கு அதுதான் வேண்டும். ஆட்கள் சிரித்தால் போதும், எதற்குச் சிரிக்கிறார்கள் என்பதில் அக்கறை இல்லை.

“யூட்டால வண்டிய ரிவர்ஸ் எடுத்தியே, அதையும் சொல்லு” என்றாள் ஆர்லிஸ்.

“அதுல சொல்றதுக்கு என்ன இருக்கு? முகாம்ல கெடந்த ஒரு மேசை உடைஞ்சுது.”

“மேசைக்குப் பின்னாடி யாரு நின்னா?”

“நீ ஏன் மேசைக்குப் பின்னாடி போய் நின்ன?”

“நீ வந்துக்கிட்டே இருந்த, அதனால போனேன்!”

கார்னெட் பல்லைக் கடித்தாள். பின்னால் நின்று கை காட்டுகிற ஆள் கண்ணாடியில் தெரியவில்லை என்றால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். எங்கள் ஆட்களுக்கு இது பாலபாடம். ஓட்டத் தெரியாதவர்களுக்குக்கூட இது தெரியும்.

“மெர்ல், கண்ணாடில அவ தெரிஞ்சாளா?” என்று கார்னெட் கேட்டாள்.

“தெரியல. அதான் ஒதுங்கிட்டான்னு நெனச்சேன்.”

“நல்லா நெனச்சீங்க, ஐயா” என்றாள் கார்னெட்.

“சரி விடு. பங்க் கதையச் சொல்றேன்.” மெர்ல் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டார். “எல்லாரும் அதைத்தான் எதிர்பார்க்கறாங்க.”

எதிர்பார்க்கவில்லை. இந்தக் குளிர்காலத்திலேயே நான் அதை நாலு தடவை கேட்டுவிட்டேன். வயோமிங்கில் ஒரு பங்க்கில் டீசல் போட்டுவிட்டு, ஆர்லிஸ் பின்னறையில் தூங்குகிறாள் என்று நினைத்து மெர்ல் வண்டியை எடுத்துவிட்டார். அவளோ பங்க்கின் கழிப்பறையில் இருந்தாள். நூற்றிருபது மைல் போன பிறகுதான் ஆள் இல்லை என்பது தெரிந்ததாம். இந்த மாதிரி எங்கள் ஆட்களுக்கு நடப்பதுதான். ஓட்டுகிறவர் முன்னால், மற்றவர் படுக்கையில், நடுவே ஒரு வீடே இருக்கிறது. சொல்லிச் சிரிப்பதற்கு இப்படியொரு கதை பாதிப் பேரிடம் இருக்கிறது. ஆனால் எனக்குத் தெரிந்து எல்லாரும் பத்து, இருபது மைலில் திரும்பியவர்கள்.

“ஆர்லிஸ், உன் ஹாட்டிஷ் என் அடுப்புல கருகிடப் போகுது, பாரு” என்றாள் கார்னெட். “இவர் கதை முடியறதுக்குள்ள எடுத்துட்டு வா.”

ஹாகன்களின் அடுப்புக்கு எரிவாயு தீர்ந்து மூன்று நாளாகிறது. மெர்ல் உருளையை நிரப்பவில்லை. அதனால் ஆர்லிஸ் கொத்துக்கறியின் மேல் உருளைக்கிழங்கை அடுக்கிய அந்த ஹாட்டிஷைக் கார்னெட்டின் அடுப்பில் சுட வைத்திருந்தாள். எழுந்தாள். நாயின் கயிற்றை மெர்லின் நாற்காலிக் காலில் மாட்டிவிட்டு, வண்டிகளுக்குப் பின்னால் போய் மறைந்தாள்.

“என்னைத்தான் தெரியுமே, வண்டி எடுத்தா நான் திரும்பிப் பாக்கற ஆளில்ல...” என்று மெர்ல் தொடங்கினார்.

கிரேவி எழுந்தது. ஆர்லிஸ் போன பக்கம் மூக்கை நீட்டியது. பிறகு தலையை மேலே தூக்கி ஊளையிட்டது.

அந்த ஊளை எங்களுக்குப் பழக்கம். ஆர்லிஸ் துணி துவைக்க ஊருக்குப் போகும் நாளெல்லாம் அதைக் கேட்கிறோம். சின்ன நாய்தான், ஆனால் ஆம்புலன்ஸ் போல அலறும். ஆர்லிஸ் கண்ணில் படும்வரை ஓயாது. நான் ஒருமுறை அவளிடமே புகார் சொன்னேன். “என் கிரேவியா? வாயத் தொறக்காதே அது!” என்று முகம் சுளித்தாள். அவள் சொன்னதும் பொய் இல்லை. அவள் இருக்கும்போது நாய் வாயைத் திறப்பதில்லை. முகாமில் அந்த ஊளையைக் கேட்காத ஒரே ஆள் அவள்தான்.

“பிஸ்கட்டு ஏதாவது போடேன்” என்றேன்.

“எதைப் போட்டாலும் நிறுத்தாது” என்று மெர்ல் கத்தினார், ஊளைக்கு மேலே கேட்க வேண்டுமே. “சனியன்! அவ ஒரு நிமிசம் கண்ணுல படலேன்னா இதே கூத்துதான். காது கிழிஞ்சுடும். வண்டியே அதிரும். வாங்கின நாள்ல இருந்து இப்படித்தான்! சரி, நான் எங்க விட்டேன்?”

“பங்க்குல விட்டீங்க” என்றாள் கார்னெட். “ஆர்லிஸை.”

“ஆங், பங்க்! வண்டிய எடுத்தேன். நல்ல வெயில். ரேடியோவ மெல்லமா வெச்சுக்கிட்டு, நிம்மதியா, ஒரு சத்தம் இல்லாம நூத்திருபது மைல்! மகாராணி பின்னாடி தூங்கறாங்க, எழுப்பக் கூடாதுன்னு...”

யாரும் சிரிக்கவில்லை. கார்னெட் நாயைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அது கயிற்றை இழுத்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க அலறிக்கொண்டிருந்தது.

“மெர்ல்” என்றாள் கார்னெட். “அன்னைக்கு கிரேவி எங்க இருந்துச்சு?”

“எங்க இருக்கும்? முன்சீட்டுல, என் பக்கத்துல.”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. பியர் டப்பாவை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார்.

சட்டென்று ஊளை நின்றது. நாய் வாலாட்டியது.

ஆர்லிஸ் இரண்டு கைத்துணியால் சூடான தட்டைப் பிடித்துக்கொண்டு கார்னெட்டின் வண்டிக்குப் பின்னாலிருந்து மூலைக்கு வந்தாள். நாயின் கண்ணில் படாமல் எவ்வளவு நேரம் அங்கே நின்றாளோ.

“இது எப்பவும் இப்படித்தானா?” என்று என்னைக் கேட்டாள்.

நான் தலையாட்டினேன்.

“நான் இல்லாதப்போ?”

“நீ கண்ணுல படற வரைக்கும்.”

அவள் வந்து தட்டை மேசையில் வைத்தாள். கைத்துணியை மடித்து அதன் பக்கத்தில் வைத்தாள்.

“ஆர்லிஸ், அன்னைக்கு அது தூங்கிடுச்சு” என்றார் மெர்ல்.

“தூங்கிடுச்சா?”

“நாய்னா தூங்காதா? வெயில், களைப்பு...”

“அன்னைக்குக் காலைல கழிவுத் தொட்டி நெறஞ்சுடுச்சு, வண்டிக் கக்கூஸ்க்குப் போகாத, பங்க்குல போயிக்கோன்னு சொன்னது யாரு?”

“அது... பொதுவாச் சொன்னேன்.”

“நான் இறங்கினப்போ கதவச் சாத்தினேன். கழண்டு விழற மாதிரி இருக்கும் அந்தக் கதவு, ஓங்கிச் சாத்தினாத்தான் மூடும். அது கேக்கல. நாய் உன் காதுக்குப் பக்கத்துல கத்துது, அது கேக்கல. கடைக்காரப் பொண்ணுகிட்ட கெஞ்சி அவ போன்ல மூணு தடவை உன்னைக் கூப்பிட்டேன், அதுவும் கேக்கல.”

“தெரியாத நம்பர்! எவனோ காப்பீடு விக்கறவன்னு...”

“கைப்பை இல்ல. போன் இல்ல. ஒரு காபிய வெச்சுக்கிட்டு ஜன்னல் ஓரத்துல உக்காந்திருந்தேன். அந்தப் பொண்ணு பாவப்பட்டு ஒரு துண்டு கேக்கு குடுத்தா. ‘உங்க வீட்டுக்காரர் பதறிப்போய் வந்துக்கிட்டிருப்பார் மேடம்’னா. நானும் ஆமான்னேன். நீ வந்ததும் சிரிச்ச. நானும் சிரிச்சேன். ஒவ்வொரு முகாம்லயும் நீ இதைச் சொல்றப்போ பக்கத்துல உக்காந்து சிரிச்சிருக்கேன். என்னையும் சேர்த்து முட்டாளாக்கியிருக்க.”

“ஊரைக் கூட்டி வெச்சு மானத்த வாங்காத. உள்ள போய்ப் பேசலாம் வா.”

“ஊரைக் கூட்டினது நீ. கதை சொல்றேன்னு நாற்காலிய இழுத்துப் போட்டதும் நீ.”

“கார்னெட், நீதான் கிளப்பிவிட்ட!”

“நான் நாயைப் பத்தித்தான் கேட்டேன்” என்றாள் கார்னெட்.

நாற்காலியின் பக்கப் பையில் ஆர்லிஸின் போன் அடித்தது. சரியாக ஐந்து ஆகியிருக்க வேண்டும். மெர்ல் கையை நீட்டினார். அவள் அவருக்கு முன்பே எடுத்துவிட்டாள்.

“குடு, நான் பேசறேன்.”

“நான்தான் பேசணும்னு அவங்க சொன்னாங்க.” போனைக் காதில் வைத்தாள். குரல் மாறியது. பக்கத்து வீட்டுக்காரர்களோடு பேசுகிற, மினசோட்டாக் குரல். “சொல்லும்மா. நல்லாயிருக்கீங்களா ரெண்டு பேரும்? ஆமா, யோசிச்சோம்.”

“ஆர்லிஸ்.”

“இல்லம்மா, விக்கறதா இல்ல. அவர் சொன்னாரா? அவர் சொல்லியிருப்பார். நான் கையெழுத்துப் போடல. நீங்க உடனே காலி பண்ண வேண்டாம், பனி உருகினதும் பண்ணுங்க போதும். அது வரைக்கும் நான் என் தங்கச்சி வீட்டுல இருந்துக்கறேன்.” கொஞ்சம் கேட்டாள். “இல்ல, ரெண்டு பேர் இல்ல. நானும் நாயும்.”

போனை வைத்தாள். கார்னெட் எழுந்து பலகையை அவளிடம் நீட்டினாள். ஆர்லிஸ் அதை வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டாள். மெர்லின் கையில் உப்புத்தாள் சுருண்டு கிடந்தது.

“கிறுக்குப் பிடிச்சிருக்கா உனக்கு?” மெர்ல் கத்தினார். “ஒரு நாய் கத்தினதுக்கு ஒரு வருசத்தையே தூக்கிப் போடுவியா? சரி, ஒத்துக்கறேன், கொஞ்ச நேரம்... ஒரு ஆளுக்குக் கொஞ்ச நேரம் தனியா இருக்கணும்னு தோணாதா? வருசம் பூரா ஒரு பஸ்ஸுக்குள்ள! உனக்குத் தோணினதே இல்லயா? ஆனா திரும்பி வந்தேன்ல? வந்தேனா இல்லயா? எல்லாரும் கேக்கறாங்க, சொல்லு!”

ஆர்லிஸ் குனிந்து நாயின் கயிற்றை நாற்காலிக் காலிலிருந்து கழற்றினாள்.

“வந்த. அதைத்தான் கேக்கறேன், மெர்ல். அவ்வளவு தூரம் நிம்மதியாப் போனவன், எதுக்குத் திரும்பி வந்த?”