மாஸ்டர் பீஸைத் திருப்பி அனுப்பியவள்

பதினொரு வருஷமாக டவலைத் தொட்டுத் தரம் பிரிக்கிறேன். இத்தனை வருஷத்தில் பேர் சொல்லும்படி ஒரே ஒரு தப்புத்தான் செய்தேன். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, செய்ததைப் பெரிதாகவே செய்தேன். எங்கள் ஆலையின் மாஸ்டர் பீஸையே ‘சொரசொரப்பு, திருப்பி அனுப்பு’ என்று கூடையில் வீசிவிட்டேன்.

மாஸ்டர் பீஸ் என்பது வாங்குகிறவர்களும் எங்கள் மேலாளரும் தொட்டுப் பார்த்து ஒப்புக்கொண்ட ஒரு வெள்ளை டவல். அந்த அளவு மென்மை இருந்தால் முதல் தரம். கொஞ்சம் குறைந்தால் இரண்டாம் தரம். அதற்கும் கீழே போனால் சலவைப் பிரிவுக்குத் திரும்பிப் போய் இன்னொரு முறை முங்கி எழுந்து வர வேண்டும். கண்ணாடி மூடி போட்ட பெட்டியில் எங்கள் மேஜை ஓரத்தில் அது படுத்திருக்கும். புதிதாக வருகிறவர்கள் ஒவ்வொரு டவலுக்கும் முன்னால் அதை ஒரு தடவை தொட்டுக்கொள்வார்கள். ஆறு மாதத்தில் கை பழகிவிடும், அதன் பிறகு பெட்டியைத் திறப்பது கொஞ்சம் கௌரவக் குறைச்சல். நான் கடைசியாகத் திறந்து பத்து வருஷம் இருக்கும். திமிர்தான், வேறென்ன.

உள்ளங்கையால் ஒரு அழுத்து, மணிக்கட்டின் உட்பக்கத்தால் ஒரு தடவல், மூன்றே நொடி. என் கை சொன்னால் சொன்னதுதான் என்பதால் எனக்கு ‘மீட்டர்’ என்று பெயர் வைத்தார்கள். இதில் பக்கத்து நாற்காலி சித்திக்கு உள்ளூர ஒரு வருத்தம் உண்டு. அவர் எனக்கு ஒன்பது வருஷம் மூத்த கை. ஆலை முழுக்க அவரைச் சித்தி என்று கூப்பிடும், ஆனால் மீட்டர் என்ற பட்டம் நேற்று வந்த எனக்குப் போய்விட்டது. அதனால் எங்களுக்குள் பேச்சு அளவோடுதான் இருக்கும்.

எட்டு மாதத்துக்கு முன்னால் நான் ஹார்மோன் சிகிச்சை ஆரம்பித்தேன். அதுவரை என்னை எல்லோரும் ஆண் என்று நினைத்திருந்தார்கள். நான் அப்படி நினைத்ததில்லை, அவ்வளவுதான் கதை. சிகிச்சை ஆரம்பித்த கையோடு ஒரு வாரம் விடுப்பு எடுத்துவிட்டுப் புதுச் சுடிதாரில் ஆலைக்குள் நுழைந்த அன்று, வாசலிலிருந்து மேஜை வரை இருக்கும் எண்பது அடியும் எண்பது மைலாகத் தெரிந்தது. எல்லாக் கண்ணும் என் மேல்தான். அப்போது யாரோ, “மீட்டர், ரெண்டாவது டவல் வண்டி உங்களுக்குத்தான் நிக்குது” என்றார்கள். போய் உட்கார்ந்து தொட ஆரம்பித்தேன். அன்றைக்கு எனக்கு உயிர் வந்தது. அந்த நாற்காலியில் இருக்கும்வரை நான் மீட்டர். அதை விட்டு எழுந்தால் ‘அதோ, அந்த ஆள்’.

மருத்துவர் எல்லாவற்றையும் முன்னாலேயே சொல்லியிருந்தார். தோலில் எண்ணெய்ப் பசை குறையும், மெலியும், வறளும், லேசாக இடித்தாலும் கன்றிப் போகும், தொடுவது எல்லாமே வேறு மாதிரி தெரியலாம் என்றார். டவலைப் பற்றித்தான் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாம் மாதமே ஆரம்பித்தது. பகல் பன்னிரண்டு மணிக்கு அப்பளம் பொரிக்கலாம் போலிருந்த என் நெற்றி அடங்கியது. கன்னத்துக் குழிகள் சுருங்கின. மேஜை முனை இடித்தால் தொடையில் நீலமாக ஒரு வட்டம் விழுந்தது. கம்பளிப் போர்வை குத்துகிறது என்று தூக்கிப் போட்டேன். சுடிதார்க் கழுத்தில் இருக்கும் துணி அட்டையைக் கத்தரித்தேன். என்னோடு குடியிருக்கும் அக்காவுக்கு ஒரே வயிற்றெரிச்சல்.

“நானும் நாப்பது வருஷமா பொம்பளையா இருக்கேன்டி, எனக்கு ஒரு நாளும் இப்படி ஒரு கன்னம் வரல” என்று சொல்லிவிட்டு என் க்ரீமிலேயே இரண்டு விரல் நிறைய எடுத்துப் பூசிக்கொள்வாள். இப்போதெல்லாம் ‘டி’ போடாமல் அவளுக்கு வாக்கியமே முடிவதில்லை. சந்தோஷமாக இருந்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், பேருந்தில் போகும்போதுகூட என் கையை நானே தடவிக்கொண்டு போனேன்.

இந்தச் சந்தோஷத்தில் டவல் சொரசொரப்பாகிக்கொண்டே வந்ததை, ஆலைதான் கெட்டுப்போய்விட்டது என்று எடுத்துக்கொண்டேன். நூல் சரியில்லை, தண்ணீர் சரியில்லை, இந்தக் காலத்தில் யார் ஒழுங்காக வேலை செய்கிறார்கள் என்று புலம்பிக்கொண்டே நாளைக்கு நாற்பது, ஐம்பது டவலைத் திருப்பினேன். சலவைக்காரர் முதலில் பொறுத்துப் பார்த்தார். ஒரே டவல் மூன்றாவது தடவையாகத் தன்னிடம் வந்தபோது மேலாளரிடம் நேராகப் போய், “இது டவலா இல்ல என் மருமகனா, போன வேகத்துல திரும்பி வருது?” என்று கேட்டுவிட்டார்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் மேலாளர் எனக்குத் தெரியாமல் மாஸ்டர் பீஸின் அடையாளச் சீட்டைப் பிரித்துவிட்டு என் வண்டியில் நடுவில் செருகிவைத்தார். நான் வழக்கம்போல ஒரு அழுத்து, ஒரு தடவல், கூடையில் வீசினேன். நிமிர்ந்தால் மேலாளர் நிற்கிறார். பக்கத்தில் கண்ணாடிப் பெட்டி காலியாக இருக்கிறது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சலவைக்காரர் மட்டும் சிரித்தார். மற்றவர்கள் சிரிக்காமல் இருந்தது அதைவிடக் கொடுமையாக இருந்தது.

மேலாளர் அறையில் பூசி மெழுகாமல் சொன்னேன். “சார், டவல்ல தப்பில்ல. என் தோல் மாறிட்டு வருது. மருந்து அப்படி. பழைய கையோட ஞாபகத்த வச்சுக்கிட்டுப் புதுக் கையால தொடுறேன், அதான் எல்லாம் குத்துது.”

அவர் நல்ல மனிதர். அதுதான் சிக்கல். கெட்டவர் என்றால் இரண்டு வார்த்தை திட்டிவிட்டாவது வெளியே வந்திருப்பேன். அவர் மேஜை மேலிருந்த பேனாவை நேராக வைத்தார், குறுக்காக வைத்தார்.

“தப்பா எடுத்துக்காதீங்க. ஓட்டல்காரங்க ஆர்டர் பெருசு, இன்னும் ரெண்டு மாசம் ஓடும். அந்த மாத்திரைய அதுவரைக்கும் நிறுத்தினா, கை பழையபடி வந்துடுமா?”

“தெரியாது சார். வந்தாலும் வரும்.”

“யோசிங்க. இல்லன்னா பேக்கிங்ல ஒரு இடம் இருக்கு. சம்பளம் அதேதான். திங்கக்கிழமை சொல்லுங்க.”

பேக்கிங் என்றால் டவலை மடித்துப் பையில் போடுவது. அங்கே யாரும் யாரையும் மீட்டர் என்று கூப்பிடப்போவதில்லை.

மூன்று நாளும் இதே நினைப்புதான். நிறுத்தினால் என்ன, இரண்டே மாதம்தானே, முப்பத்து நான்கு வருஷம் பொறுத்தவளுக்கு இது ஒரு பெரிய விஷயமா என்று எனக்கு நானே வக்கீல் வைத்து வாதாடினேன். திங்கட்கிழமை காலை மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, தண்ணீர் டம்ளரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அக்கா வேலைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

“என்னடி, முழுங்குறதுக்கு நாள் நட்சத்திரம் பாக்குறியா?”

விஷயத்தைச் சொன்னேன். அவள் ஒரு காலில் செருப்போடு வந்து எதிரே உட்கார்ந்தாள். புத்திமதி சொல்வாள் என்று நினைத்தேன். “பழைய கை நல்லா இருந்துச்சா உனக்கு?” என்று மட்டும் கேட்டாள்.

யோசித்துப் பார்த்தேன். அந்தக் கை ஆலையில் ராஜா. சாயங்காலம் வெளியே வந்தால் அதைப் பைக்குள் விட்டுக்கொண்டு நடப்பேன். யாருக்கும் காட்டியதில்லை, நானும் பார்த்ததில்லை. அதைத் திரும்ப வாங்கி நான் என்ன செய்ய? எனக்கு அழுகை வந்தது, அழுதேன், மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். அக்கா இன்னொரு செருப்பையும் மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மேலாளர் அறையில் சித்தியும் இருந்தார். எதற்கோ கையெழுத்து வாங்க வந்தவரை மேலாளர் நிற்கவைத்திருந்தார். நான் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து மேஜை மேல் வைத்தேன்.

“இதுதான் சார் அந்த மருந்து. நிறுத்த மாட்டேன். ஆனா ஒண்ணு கேக்குறேன். இனிமே புதுசா வந்தவங்க மாதிரி மாஸ்டர் பீஸ பக்கத்துல வச்சுக்கிட்டுத் தொடுறேன். என் தோல் எப்படி மாறினாலும் ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம் மாறாது. சோதிச்சுப் பாத்துட்டு அனுப்புங்க.”

அவருக்கும் அது நியாயமாகப் பட்டது. எண் கட்டிய பத்து டவலும் கண்ணாடிப் பெட்டியும் வந்தன. முதலில் சித்தி தொட்டு, தன் கணக்கைத் தனித் தாளில் எழுதினார். அவர் தரம்தான் அளவுகோல். அடுத்து நான். பத்து வருஷத்துக்குப் பிறகு பெட்டியைத் திறந்து, மாஸ்டரைத் தொட்டு, டவலைத் தொட்டு, மறுபடி மாஸ்டரைத் தொட்டு, எழுத்துக் கூட்டிப் படிக்கிற குழந்தை மாதிரி ஒவ்வொன்றாகப் போனேன். மூன்று நொடி வேலைக்கு அரை நிமிஷம் ஆனது. வெட்கமாக இருந்தது. ஆனால் கை தெளிவாகச் சொன்னது. சொல்லப்போனால், முன்பு எப்போதும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

மேலாளர் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஆறு ஒத்துப்போனது. நான்கு போகவில்லை. அந்த நான்கையும் சித்தி முதல் தரம் என்றிருந்தார், நான் இரண்டாம் தரம் என்றிருந்தேன்.

“நாலுங்கிறது பெரிய வித்தியாசம்” என்றார் மேலாளர், வருத்தமாகவே.

“சார், நீங்களே தொட்டுப் பாருங்க.”

தொட்டார். கண்ணை மூடிக்கொண்டும் தொட்டார். “எனக்கு எல்லாம் டவலாத்தான் தெரியுது” என்றார். பிறகு பேக்கிங் பிரிவுக்குச் சீட்டு எழுதப் பேனாவை எடுத்தார்.

சித்தி அந்த நான்கு டவலையும் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு பெட்டிப் பக்கம் வந்து மாஸ்டர் பீஸின் மேல் கையை வைத்தார். அவர் அதைத் தொட்டுப் பார்த்து இருபது வருஷம் ஆகியிருக்கும். அதைத் தொட்டார், மூன்றாம் எண்ணைத் தொட்டார். மறுபடி அதை, பிறகு ஏழாம் எண்ணை. உள்ளங்கையில் சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது, கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

“சார், எழுதாதீங்க” என்றார். “நாலும் என் தப்பு.”

மேலாளர் பேனாவைத் தூக்கியபடியே இருந்தார்.

“எனக்கு மாதவிலக்கு நின்னு ரெண்டு வருஷம் ஆகுது. கையெல்லாம் காஞ்சு காகிதமா ஆயிடுச்சு. எது மேல பட்டாலும் ஒரே மாதிரி இருக்கு. நானும் ஞாபகத்துலதான் ஓட்டிக்கிட்டிருந்தேன். அவ நிறைய திருப்புனா, நான் நிறைய விட்டேன், மொத்தக் கணக்கு சரியா வந்துச்சு, யாருக்கும் தெரியல. எனக்குத் தெரியும். சொன்னா நாற்காலி போயிடும்னு வாய மூடிக்கிட்டு இருந்தேன்.”

மேலாளருக்கு மாதவிலக்கு என்ற வார்த்தையிலேயே காது சிவந்துவிட்டது. சித்தி அதோடு விடவில்லை. தன் சாப்பாட்டுப் பையைத் திறந்து, துழாவி, ஒரு மாத்திரை அட்டையை எடுத்து என்னுடைய அட்டைக்குப் பக்கத்தில் வைத்தார். அதே நிறம், அதே எழுத்து, அதே கம்பெனி. அவருடையதில் இரண்டு மூன்று குறைந்திருந்தது, அவ்வளவுதான்.

“டாக்டர் மூணு வாரமா எனக்கும் இதத்தான் குடுத்திருக்கார். அவளுக்கும் இதுதான். அவள நிறுத்தச் சொல்றதா இருந்தா என்னையும் நிறுத்தச் சொல்லுங்க சார். ரெண்டு பேருமா பேக்கிங் போறோம். நீங்க உக்காந்து தொடுங்க.”

மேலாளர் பத்து டவலையும் பார்த்தார். அவருக்கு எல்லாம் டவலாகத்தான் தெரிந்திருக்கும். சீட்டைக் கிழித்துக் கூடையில் போட்டார். பெட்டி இரண்டு நாற்காலிக்கும் நடுவில் இருக்கட்டும், மூடி வேண்டாம், வேகம் குறைந்தால் குறையட்டும், ஓட்டல்காரர்களிடம் தான் பேசிக்கொள்வதாகச் சொன்னார். அட்டைகளை மட்டும் தயவுசெய்து எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டார்.

மேஜைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தோம். நன்றி சொல்ல வாயெடுத்தேன். சித்தி அதற்கெல்லாம் இடம் கொடுக்கவில்லை. யாரும் கவனிக்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, “உனக்கு எத்தன நாள்ல தெரிய ஆரம்பிச்சுது? எனக்கு இன்னும் ஒரு மாத்தமும் தெரியலயே, பாரு” என்று என் பக்கம் கையை நீட்டினார்.

நாள் முழுக்கத் தொடுவதுதான் எங்கள் இருவருக்கும் பிழைப்பு. பதினொரு வருஷமாக ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருக்கிறோம். இந்தக் கையை நான் ஒரு தடவைகூடத் தொட்டதில்லை, இவரும் என்னைத் தொட்டதில்லை. வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். உள்ளங்கையால் ஒரு முறை, மணிக்கட்டால் ஒரு முறை, அவசரப்படாமல் பார்த்தேன். சித்தி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னும் மூணு மாசம் ஆகும் சித்தி” என்றேன். “மாத்திரைய மட்டும் விட்டுடாதீங்க.”