விசிறிச் சத்தத்துக்கு அடியில்

என் அண்ணி கணினி விளையாட்டுகளுக்குச் சத்தம் செய்பவர். விளையாட்டில் யாராவது சரளைக்கல்லில் நடந்தாலோ துருப்பிடித்த கேட்டைத் தள்ளினாலோ அந்தச் சத்தம் எங்கள் வீட்டில்தான் பிறந்திருக்கும். எலும்பு முறியும் சத்தத்துக்குக் கேரட்டை ஒடித்தால் போதும். அந்த மாதிரி வாரங்களில் வீட்டில் எல்லோருக்கும் கேரட்தான்.

சனிக்கிழமை பிற்பகல்களில் நூலகத்தின் மாடியில் அண்ணி பயிலரங்கு நடத்தினார். முதல் பாதி கணினியில் இசையமைப்பது, மறுபாதி விளையாட்டுகளுக்கான ஒலி. ஒயர் சுற்றுவது, மைக் பொருத்துவது என்று நான் கூடமாட ஒத்தாசை செய்வேன். வந்தவர்களின் பெயர் மனசில் நிற்காததால் தொழிலைச் சொல்லியே கூப்பிட்டுப் பழகிவிட்டோம். கச்சேரிகளில் கீபோர்டு வாசிப்பவர் எங்களுக்குக் கீபோர்டு. மருந்துக்கடை வைத்திருந்தவர் மருந்துக்கடை.

மருந்துக்கடை போல ஒரு மாணவர் கிடைப்பது கஷ்டம். முன்வரிசையில் உட்காருவார். சட்டை மடிப்புக் கலையாது, குரல் உயராது. கிளம்பும்போது தன் நாற்காலியோடு பக்கத்து நாற்காலியையும் மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டுப் போவார்.

ஒரு வாரம் அண்ணி வீட்டுப்பாடம் கொடுத்தார். "உங்க வீட்டுலயே பயத்தைக் கிளப்புற மாதிரி ஒரு சத்தத்தைப் பதிவு பண்ணிட்டு வாங்க."

கீபோர்டு பாத்திரம் உருளும் சத்தத்தைக் கொண்டுவந்தார். "இது கேட்டுச்சுன்னா என் பொண்டாட்டி கோவமா இருக்கான்னு அர்த்தம்" என்றார். எல்லோரும் சிரித்து முடித்ததும் மருந்துக்கடையின் முறை வந்தது.

கதவு சாத்தப்படுகிறது. பூட்டில் சாவி திரும்புகிறது. காலடிகள் அவசரமில்லாமல் கொஞ்சம் தள்ளிப் போய் நிற்கின்றன. பிறகு மின்விசிறி இரைச்சல் மட்டும்.

"ரொம்ப நல்லாருக்கு சார்" என்றார் அண்ணி. "அந்த இரைச்சலை மட்டும் எடுத்துட்டா இன்னும் எடுப்பா இருக்கும். எப்படி எடுக்கறதுன்னு எல்லாரும் பாருங்க."

பெரிய திரையில் ஒலியின் கோடுகள் விரிந்தன. அண்ணி இரைச்சலைக் கொஞ்சம் கொஞ்சமாக வடிகட்டினார். விசிறி அடங்க அடங்க அதற்கு அடியிலிருந்து வேறொன்று மேலே வந்தது. யாரோ உள்ளங்கையால் கதவைத் தட்டும் சத்தம். இன்னும் வடிகட்டியபோது ஒரு பெண்ணின் குரல், கமறலாக: "லைட்டையாவது போட்டுட்டுப் போ."

முதலில் கீபோர்டு கைதட்ட, மற்றவர்களும் தட்டினார்கள்.

"யாரு சார் பேசினது?" என்று அண்ணி கேட்டார்.

"என் மிஸஸ்தான். நல்லா நடிப்பா" என்றார் மருந்துக்கடை. அந்தக் குரல் வரும் என்று காத்திருந்தவர் போல மெல்லத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில் அண்ணி ஹெட்போனைக் கழற்றவே இல்லை. அதையே திரும்பத் திரும்பக் கேட்டார்.

"நடிப்பு மாதிரி தெரியலை அண்ணி" என்றேன்.

"நடிக்கிறவங்க மைக்கைப் பாத்து நடிப்பாங்க. இந்தக் குரல் தரையிலேர்ந்து வருது. கதவுக்கடியில வாயை வச்சுப் பேசின மாதிரி."

இறங்குவதற்குள் மருந்துக்கடைக்குப் போன் போட்டார். அடுத்த வகுப்பு குரல் பதிவு, உங்கள் மனைவியை அவசியம் கூட்டிவர வேண்டும் என்று குழைந்து கேட்டார். அவருக்குப் பெருமை. உடனே ஒத்துக்கொண்டார்.

அந்த அம்மா அடுத்த சனிக்கிழமை வந்தார். ஒல்லியான உருவம், சிரித்த முகம். கணவர் நாற்காலி இழுத்துப் போட்டதும், "நீங்க உக்காருங்க, நான் நிக்கிறேன்" என்றார். அண்ணி சட்டென்று என்னைப் பார்த்தார். எனக்கும் அதேதான் தோன்றியது. கணவரை 'நீங்க' என்கிறவர் கதவுக்குப் பின்னால் நின்றால் மட்டும் 'போ' என்பாரா?

பார்வையற்றவர்களுக்காகப் புத்தகங்களை வாசித்துப் பதிவுசெய்ய நூலகத்தில் ஒரு சின்ன அறை உண்டு. கண்ணாடி ஜன்னல், சுவரெல்லாம் பஞ்சு, வெளியே சத்தம் கேட்காது. அந்த அம்மாவை நான் அங்கே அழைத்துப் போனேன். கணவரும் பின்னாலேயே எழுந்தார்.

"ஆள் கூடினா மூச்சுச் சத்தமும் பதிவாயிடும் சார்" என்று அண்ணி அவரை மடக்கினார். "நீங்க இங்க வாங்க. உங்க பாட்டுல பேஸ் கிடார் எங்க இடிக்குதுன்னு பாப்போம்."

பேசுவது வெளியே கேட்காதபடி நான் மைக்கின் ஒயரைப் பிடுங்கிவிட்டு ஒரு காகிதத்தை அந்த அம்மாவிடம் நீட்டினேன். "படிக்கிற மாதிரி பேசுங்க. அந்தக் குரல் உங்களோடதா?"

அவர் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே, கண்ணாடிக்குத் தெரிந்த பக்கம் சிரிப்புக் குறையாமல் சொன்னார். "இல்லைங்க. அத்தையோடது. அவரோட அம்மா."

"பூட்டி வச்சிருக்காரா?"

"ஞாபகம் தவறி வெளிய போயிடறாங்கன்னுதான் முதல்ல பூட்டினாரு. இங்க வர ஆரம்பிச்ச பிறகு லைட்டையும் அணைக்கிறாரு. வெளிய மைக்கை வச்சுட்டு நிப்பாரு. அவங்க அழலைன்னா அழற வரைக்கும்." அடுத்த பக்கம் படிப்பவர் போலக் காகிதத்தைத் திருப்பினார். "நீங்கல்லாம் கைதட்டினீங்களாமே. இந்த வாரம் தினமும் நடக்குது."

"இப்ப எங்க இருக்காங்க?"

"உள்ளதான். சாவி அவரோட பாக்கெட்ல."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மருந்துக்கடை ஹெட்போனை ஒரு காதிலிருந்து விலக்கிக்கொண்டு எங்கள் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். அவரும் காட்டினார்.

விலாசத்தை வாங்கிக்கொண்டு அந்த அம்மாவோடு வெளியே வந்தேன். "அண்ணி, பேட்டரி தீர்ந்துபோச்சு, வாங்கிட்டு வந்துடறேன்." அண்ணி தலையை நிமிர்த்தாமல், "சீக்கிரம் வா" என்றார். கீழே நூலகரம்மாவிடம் விஷயத்தைச் சொன்னதும் அவர் செருப்பைக்கூடச் சரியாகப் போடாமல் காவல் நிலையத்துக்கு ஓடினார். நான் கையில் பேட்டரியோடு மாடி ஏறினேன்.

அதன் பிறகு நடந்த வகுப்பை நான் மறக்க மாட்டேன். அண்ணி அவரை எழவிடாமல் பாராட்டிக்கொண்டே இருந்தார். டிரம்ஸைக் குறைக்கச் சொன்னார், கூட்டச் சொன்னார், மறுபடி குறைக்கச் சொன்னார். அவர் முகம் மலர்ந்து எல்லாம் செய்தார். நடுவில் என்னைப் பார்த்து, "பேட்டரி வாங்க இவ்வளவு நேரமா?" என்று சாதாரணமாகக் கேட்டார். "கடை மூடியிருந்துச்சு சார், அடுத்த தெருவுக்குப் போனேன்" என்றேன். "அடுத்த தெருவில கடையே கிடையாதே" என்றார், சிரித்தபடி.

அப்போது அவருடைய போன் அடித்தது. கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வைத்தார். கத்துவார் என்று நினைத்தேன். அவர் கணினியை முறையாக அணைத்தார். ஹெட்போன் ஒயரைச் சுருட்டி வைத்தார். பிறகு மனைவியிடம், "வா, போலாம்" என்றார்.

அந்த அம்மா அசையவில்லை. என்ன ஏது என்று புரியாமலே கீபோர்டு எழுந்து இருவருக்கும் நடுவில் போய் நின்றார். மருந்துக்கடை மட்டும் படியிறங்கிப் போனார்.

பூட்டை உடைத்தபோது கிழவி கதவோரம் தரையில் படுத்திருந்தார் என்று நூலகரம்மா சொன்னார். வெளிச்சம் பட்டதும் முகத்தை மூடிக்கொண்டாராம். சில நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். பிறகு வெளியூரிலிருந்து கிழவியின் மகள் வந்து அம்மாவையும், கூடவே தம்பி மனைவியையும் அழைத்துப் போனாள். காவல் நிலையத்தில் வழக்குப் பதிந்தார்கள். ஆனால் பெரிய காயம் எதுவும் இல்லை, மருந்துக்கடை ஊரில் நாலு பேருக்குத் தெரிந்த மனிதர். இனி இப்படிச் செய்ய மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த சனிக்கிழமை அவர் வந்தார். தேய்த்த சட்டை, முன்வரிசை.

"நீங்க கிளம்புங்க" என்றார் அண்ணி.

"நல்லாருக்குன்னு சொன்னது நீங்கதானே மேடம்?" என்றார். அதில் கோபமே இல்லை. நிஜமாகவே பதில் தெரிந்துகொள்ளக் கேட்டது போல இருந்தது. கீபோர்டும் இன்னொருவரும் தோளைத் தொட்டு அவரை எழுப்பி வெளியே கொண்டுபோய் விட்டார்கள்.

பயிலரங்கை அன்றோடு நிறுத்திவிட்டோம். சாமான்களைக் கட்டிக்கொண்டு நிறுத்தத்துக்கு வந்தோம். பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் முன்வாசல் வழியாக அவரும் ஏறியதைப் பார்த்தேன். எங்கள் பக்கம் திரும்பவில்லை. ஓட்டுநருக்குப் பின்னால் கைகளை மடியில் வைத்து உட்கார்ந்தார்.

அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். எங்கள் நிறுத்தம் வந்தது. நாங்கள் இறங்கவில்லை. காவல் நிலையத்துக்கு எதிரே பேருந்து நிற்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம். அவரும் உட்கார்ந்திருந்தார்.