நாற்பது தப்படி

முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது. அவள் நின்றாள். காலுக்குக் கீழே மற்ற இடங்களைப் போலவே காய்ந்த புல்லும் மணலும்தான் இருந்தன.

"இங்கதான்," என்றாள்.

சித்தப்பா கடப்பாரையை ஊன்றிக்கொண்டு அவளைப் பார்த்தார். "நல்லாத் தெரியுமா பாப்பா? தகரம் மூடியிருக்கும்னு சொன்னியே. ஒண்ணையும் காணோமே."

"கல்லுலேர்ந்து ஓடுபாதை ஓரமாவே நாப்பது தப்படி. அப்பா எண்ணிக்கிட்டே வருவாரு. மொத நாளு நானும் பின்னாலயே வந்தேன்."

"மண்ணு சரிஞ்சு தகரத்தையும் சேர்த்து முழுங்கியிருக்கும்," என்றார் காந்தக்காரர். சித்தப்பாவின் பதிலுக்குக் காத்திராமல் மண்வெட்டியை இறக்கினார்.

யுத்தம் முடிந்து விமானங்கள் போனபின் அந்த விமானத் தளத்தைக் கேட்டு யாரும் வரவில்லை. பிளந்துபோன சிமெண்ட் ஓடுபாதையும் கூரையில்லாத இரண்டு கொட்டகைகளும் மிச்சம். மண்ணுக்கடியில் ஆள் குனிந்து போகிற அளவுக்குச் சுரங்க வழிகள் இருந்தன. அவற்றில் செம்புக் கம்பியும் பித்தளை வால்வுகளும் கிடைத்தன. அவற்றைத் தோண்டி விற்றுப் பிழைக்கும் குடும்பங்கள் பத்துப் பன்னிரண்டு. ஒருவர் வழி கண்டுபிடித்தால் அதன் வாயில் மூன்று கல் அடுக்க வேண்டும், மற்றவர் அங்கே கைவைக்கக் கூடாது என்பது அவர்களுக்குள் சட்டம். அந்தச் சட்டத்தை நம்பி உண்மையான வாயில் யாரும் கல் அடுக்கியதில்லை.

அப்பாவும் அப்படித்தான். மண்ணிலிருந்து ஒரு பழைய குழாய் முனை நீட்டிக்கொண்டிருந்த இடத்தில் கல் அடுக்கி, அவளைக் காவலுக்கு உட்கார்த்துவார். பார்ப்பவர்கள் அதுதான் இடம் என்று நினைக்க வேண்டும். அவர் நாற்பது தப்படி தள்ளி உள்ளே இறங்கி, தலைக்குமேல் தகரத்தை இழுத்துவிட்டுக்கொள்வார். அவள் அவ்வப்போது குழாயை ஸ்பானரால் தட்டுவாள். கீழேயிருந்து அவர் மூன்று தட்டுத் தட்டுவார். நல்லா இருக்கேன் என்று அர்த்தம். வேறு எதற்கும் அவர்கள் தட்டு வைத்துக்கொள்ளவில்லை.

இன்று காலை அவளுக்குப் பல்வலி. கன்னம் வீங்கியிருந்தது. "நீ படு. நான் மட்டும் ஒரு எட்டுப் போயிட்டு வந்துடறேன்," என்று அப்பா கிளம்பினார். மத்தியானச் சாப்பாடு ஆறிப்போன பிறகுதான் அவள் அம்மாவிடம் வாயைத் திறந்தாள். அம்மாவிடம்கூடச் சொல்லக் கூடாது என்பது அப்பாவின் கட்டளை.

இப்போது அம்மா கல்லுக்குப் பக்கத்தில், குழாயில் காதை வைத்துக் குந்தியிருந்தாள். அவள் கையில்தான் ஸ்பானர். தட்டினாள். காத்திருந்தாள். கையை உயர்த்தினாள். தோண்டுகிறவர்கள் நிறுத்தினார்கள்.

"மூணு," என்றாள் அம்மா. "மூணு தட்டினாரு. நல்லா இருக்காராம்."

சித்தப்பா முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டார். வெல்டிங் பட்டறையில் வேலையைப் பாதியில் அப்படியே போட்டுவிட்டு வந்தவர். நெற்றியில் கண்ணாடி இன்னும் இருந்தது.

"உங்கண்ணன் நல்லா இல்லன்னா மட்டும் சொல்லிடப் போறாரா?" என்றார் காந்தக்காரர். கயிற்றில் காந்தம் கட்டி இழுத்துக்கொண்டே தளம் முழுக்கத் திரிகிற மனிதர். அப்பா யாருக்குப் பயந்து அத்தனை மறைத்தாரோ அவரே இவர். "எங்கிட்ட மறைக்கறேன்னு கடவுள்கிட்டயே மறைச்சு வெச்சிருக்கான். அந்தக் கல்லு பொய்னு எனக்கு மூணு மாசமாத் தெரியும். நெசம் எங்கன்னுதான் தெரியல."

"தெரிஞ்சிருந்தா?" என்றார் சித்தப்பா.

"தெரிஞ்சிருந்தா திருடியிருப்பேன். இப்ப ஆளையும் தூக்கியிருப்பேன். தோண்டுப்பா."

இடுப்பளவு இறங்கியும் தகரம் வரவில்லை. சிமெண்ட் வரவில்லை. மணலுக்குக் கீழே கெட்டியான செம்மண். அவள் சட்டியில் மண்ணை அள்ளி அள்ளி வெளியே கொட்டினாள். பல்வலி போய்விட்டிருந்தது, எப்போது போனது என்று தெரியவில்லை.

"மூணு," என்றாள் அம்மா. குரலில் சந்தோஷம்கூட இருந்தது. "ஆனா ரொம்ப விட்டு விட்டுத் தட்டறாரு. சோம்பேறி மனுஷன்."

"இந்த மண்ணைப் பாத்தா எவனும் ஒருநாளும் தொட்ட மாதிரி தெரியலியே," என்றார் காந்தக்காரர் மெதுவாக. கயிற்றில் இருந்த காந்தத்தைக் குழிக்குள் விட்டுப் பார்த்தார். அது சும்மா தொங்கியது.

மூச்சு வாங்க மூவரும் நின்ற ஒரு நிமிடத்தில் சித்தப்பா தண்ணீர்க் குடத்தை எடுக்க ஓடுபாதையில் நடந்தார். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். சிமெண்ட் பாளங்களுக்கு இடையே புல் முளைத்த கோடுகள். ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்குச் சித்தப்பாவுக்கு நான்கு தப்படி. அவள் எழுந்து அதே பாளத்தில் நடந்தாள். ஐந்து.

மறுபடி நடந்தாள். ஐந்து.

"சித்தப்பா," என்றாள். அவர் அருகே போய்ச் சட்டையைப் பிடித்தாள். "சித்தப்பா, நீங்க எண்ணுங்க. கல்லுலேர்ந்து நீங்க நடங்க."

"இப்ப எதுக்குடி?"

"உங்க காலு அப்பா காலு மாதிரி."

அவர் குடத்தைக் கீழே வைத்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கல்லிடம் போய், அம்மாவின் தலைக்குப் பின்னால் நின்று, நடக்க ஆரம்பித்தார். அப்பாவைப்போலவே, கொஞ்சம் முன்னால் சாய்ந்த நடை. அவள் பின்னால் ஓடினாள். அவர்கள் தோண்டிய குழியை முப்பத்திரண்டில் கடந்தார். நாற்பதில் நின்ற இடத்தில் தரை ஒரு தாம்பாளம்போல லேசாக உள்வாங்கி, காய்ந்த புல் வேரோடு சாய்ந்து கிடந்தது.

காந்தக்காரர் ஓடி வந்து மண்வெட்டியை இறக்கினார். இரண்டாம் வெட்டிலேயே தகரம் முனகியது.

"என்னாச்சு? ஏன் அங்க போறீங்க?" என்று அம்மா தூரத்திலிருந்து கத்தினாள்.

"தட்டுங்க அண்ணி. தட்டிக்கிட்டே இருங்க."

அம்மா தட்டினாள். கையை உயர்த்தினாள். அவர்கள் நிறுத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தட்டினாள். உயர்த்திய கையை இறக்கவே இல்லை. அம்மா மூணு என்று சொல்வாள் என்று அவள் மண்ணை அள்ளிக்கொண்டே காத்திருந்தாள். நகத்தடியில் ரத்தம் வந்தது. ஒன்று என்றாவது சொல்வாள் என்று காத்திருந்தாள்.

அவரை வெளியே எடுக்கும்போது வெயில் மஞ்சளாகியிருந்தது. மார்புவரை மண். தலைக்குமேல் விழுந்திருந்த சிமெண்ட் துண்டு ஒரு கூரைபோல அவருக்குக் கொஞ்சம் காற்றை மிச்சம் வைத்திருந்தது. வலது கை மட்டும் மண்ணுக்கு வெளியே குழாயின்மேல் கிடந்தது. விரல்களுக்குள் ஒரு பித்தளை நட்டு. காந்தக்காரர் அப்பாவின் மார்பில் காதை வைத்தார். ரொம்ப நேரம் காதை எடுக்கவே இல்லை. பிறகு உட்கார்ந்து, தன் தலைத்துண்டை அவிழ்த்து அப்பாவின் முகத்து மண்ணைத் துடைத்தார்.

"உடம்பு இன்னும் சூடா இருக்கே," என்றாள் அம்மா. "இன்னும் சூடா இருக்கே."



மறுநாள் காலை வீட்டில் கூட்டம் கொஞ்சம்தான். அம்மா சுவரில் சாய்ந்திருந்தாள். சித்தப்பாவைப் பார்த்து, யாரையும் குற்றம் சொல்லாத குரலில் கேட்டாள்.

"நடுவுல எதுக்கு எடத்தை மாத்தினீங்க?"

அவள் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். உதடு திறந்தது.

"மண்ணு கெட்டி அண்ணி," என்றார் சித்தப்பா. "பக்கவாட்டுல எறங்கினா சுளுவுன்னு தோணிச்சு."

அம்மா தலையசைத்தாள். வாசலில் நின்ற காந்தக்காரர் கதவுக்குப் பின்னால் நின்றவளை ஒருமுறை பார்த்துவிட்டு, "ஆமா, ஒரே செம்மண்ணு," என்றார். "என் மம்பட்டி மொனையே மடங்கிடுச்சு."

பாடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்கள். சித்தப்பா முன்பக்கம் வலதுதோள். காந்தக்காரர் பின்னால். இடுகாடு தெருக்கோடிக்கு அப்பால் தூரம். பெண்கள் தெருமுனையில் நின்றுவிட்டார்கள். அவள் நிற்கவில்லை. சித்தப்பாவின் பக்கத்திலேயே, வீங்கிய கன்னத்தோடு, வாய்க்குள் எண்ணி முணுமுணுத்துக்கொண்டு நடந்தாள். அவர் ஒரு தப்படி வைத்தால் அவள் ஒன்றேகால் வைக்க வேண்டியிருந்தது. காலை எட்டிப் போட்டுப் பார்த்தாள். தடுமாறினாள். மறுபடி எட்டிப் போட்டாள்.

சித்தப்பா நடையைக் குறைத்தார். அவள் கால் விழும்போது அவர் காலும் விழுந்தது.

"என்னப்பா இது, எறும்பு ஊர்ற மாதிரி," என்று பின்னால் தூக்கிவந்த ஒருவர் முனகினார். "தோள் விட்டுப்போகுது. எட்டி நட."

"நடக்கறபடி நடக்கட்டும். நீ பேசாம வா," என்றார் காந்தக்காரர்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சித்தப்பா எட்டி வைக்கவில்லை.