வசனத்துக்குக் கீழே

என் வீட்டுக்காரர் தேவநேசனுக்கு இரண்டு முறை குரல் போனது. முதல் முறை கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில், கத்தி வைத்து எடுத்தார்கள். இரண்டாம் முறை குன்னூரில், லேப்டாப்பை ரிப்பேருக்குக் கொடுத்தபோது. முதல் தடவைக்கு அழுது தீர்த்துவிட்டேன். இரண்டாம் தடவைக்கு யாரைத் திட்டுவது என்று இன்னும் தெரியவில்லை. யாரையாவது திட்டாமல் இந்த லோயிஸுக்குச் சோறு இறங்காது என்று எங்கள் கேத்தி ஊர் முழுக்கத் தெரியும்.

அவர் கீழ் கோத்தகிரிப் பக்கம் தேயிலை எஸ்டேட்டில் ஃபீல்டு ஆபீசராக இருந்தவர். மேட்டில் நின்று ஒரு சத்தம் கொடுத்தால் எதிர்ச்சரிவில் கொழுந்து எடுக்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அதே சத்தம்தான் வீட்டுக்குள்ளும். உப்பு கேட்டால்கூட மூன்றாவது வீட்டிலிருந்து உப்பு எடுத்துக்கொண்டு வருவார்கள். கொஞ்சம் மெதுவாகப் பேசினால் வாய் கோணிப்போகுமா என்று நான் எத்தனையோ வருஷம் மல்லுக்கு நின்றிருக்கிறேன். ரிட்டையர் ஆகி கேத்திக்கு வந்த பிறகு தொண்டையில் புற்று என்றார்கள். குரல்வளையை முழுசாக எடுத்தால்தான் ஆள் பிழைப்பார் என்றார் டாக்டர்.

எங்கள் ஒரே மகள் கெஸியா பெங்களூரில் வேலை பார்க்கிறாள். அவள்தான் எங்கேயோ வெளிநாட்டுக் கம்பெனியில் தேடி ஒரு சாஃப்ட்வேர் வாங்கினாள். ஆபரேஷனுக்கு முன்னால் அவர் பேசுவதைப் பதிந்து கொடுத்துவிட்டால், பிறகு அவர் டைப் அடிப்பதையெல்லாம் அவர் குரலிலேயே லேப்டாப் பேசும். மழைச் சத்தம் உள்ளே விழாமல் ஜன்னலுக்கெல்லாம் கம்பளியைத் தொங்கவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து, கெஸியா அனுப்பிய வாக்கியங்களை நாள் கணக்காகப் படித்தார். கடைசி நாள் படித்து முடித்துவிட்டு, இனிமேல் உனக்கு நிம்மதிதான் என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்து, லேப்டாப்பில் ஒரு விரலால் குத்திக் குத்தி அவர் பேசிய முதல் பேச்சு, காப்பியில் சர்க்கரை இல்லை என்பது. அந்தக் குரலைக் கேட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். அழுதுவிட்டு, டாக்டர் சர்க்கரை வேண்டாம் என்று சொன்னது மறந்துபோச்சா என்று சண்டையும் போட்டேன். அதற்கு அப்புறம் எங்கள் வீடு பழைய வீடாகவே ஆகிவிட்டது. ராத்திரி குடும்ப ஜெபம் மட்டும் மாறிற்று. மத்தியானமே டைப் அடித்து வைத்துக்கொள்வார். ஜெபநேரம் வந்ததும் பட்டனைத் தட்டுவார். ஆண்டவரிடம் பேசுவதற்கு முன்கூட்டியே எழுதி வைக்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்று கேலி செய்வேன். அவர் உடனே ஏதாவது அடிப்பார். லேப்டாப் என்னைத் திட்டும்.

இனி லேப்டாப்பில் ஒட்டிய வசனத்தின் கதை. வருஷப்பிறப்பு ஆராதனையில் எங்கள் சபையில் வீட்டுக்கு வீடு பைபிளிலிருந்து ஒரு வாக்குத்தத்த வசனம் கொடுப்பார்கள், ஸ்டிக்கராக. மற்றவர்கள் வாசற்கதவில் ஒட்டுவார்கள். இவர் போதகரிடம் கூடுதலாகக் கேட்டு வாங்கிவந்து ஃபிரிட்ஜ், ஸ்கூட்டர், அரிசி டிரம், கேஸ் அடுப்பு என்று ஒட்டுவார். எங்கள் வீட்டில் வசனம் ஒட்டாத சாமான் நாங்கள் இரண்டு பேர்தான். சாஃப்ட்வேரைத் திறக்கிற சாவி எண்ணைக் கெஸியா ஒரு சீட்டில் அச்சடித்துக் கொடுத்து, தொலைத்துவிடக் கூடாது என்று நூறு தடவை சொன்னாள். பீரோவில் வைத்தால் நான் ஒழித்துச் சுத்தம் பண்ணிவிடுவேன் என்று அவருக்குப் பயம். சீட்டை லேப்டாப்பின் அடியில் ஒட்டி, அதன் மேல் அந்த வருஷத்து வசனத்தை ஒட்டிவிட்டார். வசனத்துக்குக் கீழே இருப்பதை எவன் தொடுவான் என்று லேப்டாப்பை விட்டே எனக்குப் பதில் சொல்லவைத்தார். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது.

இந்த வருஷம் கெஸியாவுக்குக் கல்யாணம் கூடிவந்தது. மாப்பிள்ளை ரெனிஷ், நாகர்கோவில் பையன், தங்கமான குணம். பெண் வீட்டைவிட்டுக் கோயிலுக்குக் கிளம்பும்போது வாசலில் ஒரு ஜெபம் பண்ணி அனுப்புவது எங்கள் வழக்கம். பெரும்பாலும் போதகர்தான் பண்ணுவார். கெஸியா ஒரே பிடியாக, அப்பாதான் பண்ண வேண்டும், அப்பா குரலில்தான் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள். நகை வேண்டாம், பட்டு வேண்டாம், இது ஒன்று போதும் என்றாள். அன்றைக்கு இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

ஆடிச் சாரல் இறங்கியது. கேத்தியில் அந்த மாசம் துவைத்த துணி காயாது, உப்பு ஜாடியில் தண்ணீர் நிற்கும். லேப்டாப்புக்குள்ளும் ஈரம் இறங்கி, ஒரு நாள் காலையில் உயிரே இல்லாமல் கிடந்தது. குன்னூர் பஜாரில் சாஜித் என்று ஒரு பையன் கடை வைத்திருக்கிறான், கை சுத்தம். அவனிடம் கொடுத்தோம். உள்ளே போர்டு போய்விட்டது என்று சொல்லி வேறு போர்டு போட்டு, பளபளவென்று துடைத்துக் கொடுத்தான். வீட்டில் கொண்டுவந்து திறந்தால் எல்லாம் இருந்தது, அந்த சாஃப்ட்வேர் மட்டும் சாவி எண் கேட்டது. போர்டு மாறியதால் அது வேறு கம்ப்யூட்டர் என்று நினைத்துக் கேட்கிறது, சீட்டில் இருப்பதை அடித்தால் போதும் என்று கெஸியா போனில் சொன்னாள். அவளிடம் வேறு நகல் கிடையாது. பழைய ஆபீஸ் மெயிலுக்கு வந்தது, அந்த வேலையை விட்டதோடு மெயிலும் போயிற்று.

இவர் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார், பார்த்தாயா என் புத்தியை என்கிற மாதிரி. லேப்டாப்பைத் திருப்பினார். அடிப்பக்கம் மொழுமொழுவென்று இருந்தது. வசனம் இல்லை.

மறுநாள் முதல் பஸ்ஸில் குன்னூர் போனோம். வழியெல்லாம் சாஜித்தை என்னென்ன கேட்க வேண்டும் என்று நான் மனசுக்குள் அடுக்கிக்கொண்டே வந்தேன். அவன் கடையைத் திறந்துகொண்டிருந்தான். ஸ்டிக்கரைக் கேட்டதும் அவன் முகத்தில் ஒரு நல்ல பிள்ளைத்தனம் வந்தது.

"அதுக்கடியில ஒரு ஸ்க்ரூ இருந்துச்சுங்கம்மா, எடுத்தாத்தான் கழட்ட முடியும். பாத்தா சாமி வசனம். கால்ல மிதிபடற எடத்துல போட மனசு வரலைங்க. எங்க முஸ்லிம்கள்ல இந்த மாதிரி எழுத்தை ஓடற தண்ணியிலதான் விடுவோம். பின்னாடி ஓடையில விட்டுட்டேன். உள்ள ஏதோ சீட்டு ஒட்டியிருந்துச்சு, அதோட சேந்து போயிருச்சுங்க."

கடைக்குப் பின்னால் போய்ப் பார்த்தோம். மலையிலிருந்து இறங்குகிற செந்தண்ணீர் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. குப்பையில் போட்டிருந்தால் குப்பையைக் கிளறியிருப்பேன். எனக்கு என்ன கூச்சம். இதை எங்கே போய்க் கிளறுவது? விவரம் தெரிந்ததும் சாஜித் அழாத குறையாக நின்றான். பஸ்ஸில் அடுக்கி வைத்த ஒரு வார்த்தையும் என் வாயில் வரவில்லை. இவர் சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து, நல்ல காரியம்தான் செய்தாய் தம்பி என்று எழுதி அவனிடம் காட்டினார்.

கெஸியா அந்தக் கம்பெனிக்கு மெயில் மேல் மெயில் போட்டாள். அந்தச் சரக்கையே நிறுத்திவிட்டோம், பழைய சாவி இல்லாமல் எதுவும் செய்ய முடியாது, வருந்துகிறோம் என்று பதில் வந்தது. வருந்துகிறார்களாம். பிறகு அவள் வேறொரு சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்தாள். அதில் நியூஸ் வாசிக்கிற மாதிரி ஒரு ஆம்பிளைக் குரல். ராத்திரி ஜெபத்துக்கு இவர் அதைத் தட்டினார். யாரோ ஒருத்தன் எங்கள் வீட்டில் உட்கார்ந்துகொண்டு என் பெயரைச் சொல்லி ஜெபம் பண்ணினான். பாதியிலேயே இவர் மூடிவிட்டார். என் போனில் அவருடைய பழைய பேச்சு நாலைந்து இருந்தது. பஸ் லேட்டு, மோட்டாரை நிறுத்து, பால்காரனுக்குச் சொல்லிவிடு. இதை வைத்துக்கொண்டு பெண்ணை எப்படி வழியனுப்புவது?

போதகரையே பண்ணச் சொல்லலாம் என்று நான் சொன்னேன். கெஸியா ஒப்புக்கொள்ளவில்லை. சத்தம் வராவிட்டால் போகிறது, அப்பா கையை வைத்து ஜெபம் பண்ணட்டும், ஆண்டவருக்குக் கேட்கும் என்றாள். இவரும் தலையாட்டினார்.

கல்யாணத்தன்று காலையில் வாசல் நிறைய ஜனம். கெஸியா வெள்ளைப் புடவையில் முழங்காலிட்டாள். இவர் கழுத்தில் கட்டியிருந்த துணியைச் சரிபண்ணிக்கொண்டு அவள் தலையில் கை வைத்தார். எல்லோரும் கண்ணை மூடினார்கள். அப்போதுதான் ஒன்று உறைத்தது. கண்ணை மூடிக்கொண்டு நிற்கிற கூட்டத்துக்கு ஜெபம் எப்போது முடிந்தது என்று எப்படித் தெரியும்? நான் கண்ணைத் திறந்தேன். அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது. கூட்டத்தில் யாரோ இருமினார்கள். ஒரு குழந்தை சிணுங்கியது. உதடு நின்றது. அவர் என்னைப் பார்த்தார். நான் உரக்க ஆமென் சொன்னேன். கூட்டமும் ஆமென் என்றது. கெஸியா எழுந்து அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். இப்படி ஒரு ஜெபத்தை என் ஆயுசில் பார்த்ததில்லை என்று எங்கள் சபை செலஸ்டின் டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் எல்லோரும் போன பிறகு, பாத்திரங்களை ஒதுக்கிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "ஏனுங்க, புள்ளைக்கு என்னன்னு ஜெபம் பண்ணுனீங்க?"

நோட்டை எடுத்தார். வெகுநேரம் பேனா மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்துவிட்டு எழுதினார்.

"ஒண்ணும் பண்ணலை. வாயை மட்டும் அசைச்சேன். சத்தம் இல்லாம எனக்கு வரலை லோயிஸ். அவகிட்ட சொல்லாதே."

பெற்ற பெண்ணின் தலையில் கை வைத்துக்கொண்டு பொம்மை மாதிரி வாயசைத்தீர்களா என்று கேட்க நெஞ்சுவரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். அந்தக் காலத்தில் அப்படிக் கத்துகிறாரே என்று நான் அடக்கின சத்தமெல்லாம் இப்போது வந்தால் காலில் விழுந்து கேட்பேன். அவ்வளவு துக்கமாக இருந்தது.

மறுவாரம் கெஸியா நாகர்கோவிலிலிருந்து கூப்பிட்டாள். அங்கே எல்லோரும் நன்றாக நடத்துகிறார்கள் என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் தயங்கிக் கேட்டாள்.

"அம்மா, அன்னிக்கு அப்பா என்ன ஜெபம் பண்ணுனாங்க? எழுதிக் காட்டுனாங்களா?"

அவர் எதிரே பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. கை நின்றுவிட்டது.

"காட்டுனாரு கண்ணு," என்றேன். எனக்கு ஜெபம் பண்ணிப் பழக்கமில்லை. எங்கள் வீட்டில் என்றைக்கும் அவர்தான். இருந்தாலும் ஆரம்பித்துவிட்டேன். "ஆண்டவரே, இந்தப் புள்ளைய எங்க கையில குடுத்ததுக்கு ஸ்தோத்திரம். போற ஊட்ல இவ சொல்லுக்கு மதிப்பு இருக்கோணும். இவ சிரிக்கிற சத்தம் அங்க கொறையப்படாது. இவ அம்மாவாட்ட வாயாடியா இருந்தாலும் அந்தப் பையன் பொறுத்துக்கோணும். அப்பன் நெனப்பு வந்து அழுதான்னா, நீர் பக்கத்துல இரும்…"

எங்கிருந்து வந்ததென்று தெரியாது, வந்துகொண்டே இருந்தது. அந்தப் பக்கம் கெஸியா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. நான் நிறுத்தாமல் அவரைப் பார்த்தேன். மடியில் பீன்ஸ் முறத்தோடு அவர் கண்ணை மூடியிருந்தார்.