காதால் வறுத்த காபி

என் காபியை நான் குடித்தேன் என்று சொல்ல முடியாது. விழுங்கினேன். சுடும், கொஞ்சம் கசக்கும், அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. அந்தக் காபிக்குத்தான் எங்கள் குடியிருப்பில் நான்கு வீட்டார் காலி பாட்டிலைக் கொடுத்தனுப்பிவிட்டுக் காத்திருந்தார்கள்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்து மூன்று நாளில் போனது. போகும்போது என் வாசனையையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. மூக்கு இருந்த இடத்தில்தான் இருக்கிறது. கண்ணாடி அதன்மேல் நிற்கிறது, சளி பிடிக்கிறது, தும்மல் வருகிறது. பூவும் சாக்கடையும் மட்டும் அதற்கு ஒன்றாகிவிட்டன. வேறு யாருக்காவது இப்படி நடந்திருந்தால் 'அடப் பாவமே' என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்த்திருப்பார்கள். நானோ வீடு வீடாகப் போய் கேஸ் குழாயில் கசிவு இருக்கிறதா என்று பார்க்கிறவன். இருபத்திரண்டு வருடமாக அதுதான் பிழைப்பு. ஆபீஸில் எனக்கு வைத்திருந்த பெயரே மூக்கண்ணன்.

டாக்டரிடம் மட்டும் சொன்னேன். "நரம்புதான், தானா திரும்பி வரலாம், வராமலும் போகலாம். தினமும் நாலு விதமான வாசனைய மோந்து பழகுங்க" என்றார். அவர் முகத்தில் 'வரும்' என்கிற பக்கம் சற்று மெலிந்துதான் தெரிந்தது.

நாலு பொருளுக்கு எங்கே அலைவது? பச்சைக் காபிக்கொட்டை வறுத்தால் முதலில் வைக்கோல் வாசனை வரும், அப்புறம் ரொட்டி சுடுகிற வாசனை, அப்புறம் காபி, கடைசியில் கரி என்று எங்கேயோ படித்திருந்தேன். ஒரே வாணலியில் நாலு வாசனை. மொத்தக் கடையில் இரண்டு கிலோ வாங்கி வந்தேன். மனைவியிடம் 'பொழுதுபோக்கு' என்று சொன்னேன். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் நான் பொழுதுபோக்கு என்று எதையும் சொன்னதில்லை என்பதால் அவள் மிகவும் சந்தோஷப்பட்டாள்.

முதலில் பரணில் கிடந்த பாப்கார்ன் மெஷினை இறக்கினேன். கொட்டை நன்றாகத்தான் சுழன்றது. ஆனால் அதன் தோல் உமிபோலப் பறந்து பாத்திர அலமாரி முழுக்கப் படிந்தது. நாலாம் நாள் மெஷின் சூடு தாங்காமல் உயிரை விட்டது. அடுத்தது கேக் சுடுகிற ஓவன். தட்டின் ஒரு ஓரம் கரி, இன்னொரு ஓரம் வேர்க்கடலை நிறம். கடைசியில் கனமான இரும்பு வாணலி, மரக்கரண்டி, இரண்டு சல்லடை, என் மனைவியின் ஹேர் டிரையர் என்று ஒரு வழிக்கு வந்தேன். வறுத்ததை இறக்கியதும் உடனே ஆற வைக்காவிட்டால் கொட்டை தன் சூட்டிலேயே மேலும் வறுபட்டுக்கொண்டிருக்கும். ஹேர் டிரையரில் குளிர் காற்றை வைத்து அடித்தால் ஆறவும் செய்யும், தோலும் பறந்து தொட்டியில் விழும்.

வைக்கோலும் வரவில்லை, ரொட்டியும் வரவில்லை. தலையை வாணலிக்குள் விடாத குறையாக நின்றும் மூக்கில் ஏறியது வெறும் சூடு. ஆனால் அப்படி நின்றதில் காது பழகிவிட்டது. சுமார் எட்டு நிமிஷத்தில் கொட்டை சொடக்குப் போட ஆரம்பிக்கும். ஒன்று, இரண்டு, பிறகு வாணலி முழுக்க. அது அடங்கியதும் ஒரு மௌனம். அந்த மௌனத்தை நீளவிட்டால் தீயில் உப்புக்கல் போட்டதுபோல மெலிசாகப் படபடக்கும். அதற்குச் சற்று முன்னால் இறக்கினால் யார் குடித்தாலும் புகழ்வார்கள். புகழ்ந்தார்கள். ஆபீஸுக்கு ஒரு பாட்டில் கொண்டு போனேன். என் மேலதிகாரி என்னைவிடப் பத்து வயது சின்னவர், எப்போதும் ஏதாவது பேசிக்கொண்டே இருப்பவர். ஒரு வாய் குடித்துவிட்டு, "அண்ணே, இந்த மூக்க இன்ஷூர் பண்ணி வைங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன்.

ஏன் யாரிடமும் சொல்லவில்லை? முதல் வாரம், நாளைக்கு வந்துவிடும் என்று நினைத்தேன். முதல் மாதம், அடுத்த மாதம் வந்துவிடும் என்று நினைத்தேன். பிறகு இத்தனை நாள் சொல்லாததை எப்படிச் சொல்வது என்று ஆகிவிட்டது. சொன்னால் களப்பணியிலிருந்து எடுத்து ஸ்டோரில் உட்கார வைத்துவிடுவார்கள். அதற்காகப் பயந்தேன் என்று சொன்னால்கூட கௌரவமாக இருக்கும். எனக்குப் பயமும் இல்லை. வாசனையோடு சேர்ந்து எல்லாமே மரத்துப்போயிருந்தது. என் மகள் போனில் அழுதுகொண்டே, தான் அம்மாவாகப் போகிற செய்தியைச் சொன்னபோது, "சரிம்மா, உடம்பப் பாத்துக்க" என்றேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் பேசியிருந்தாலும் அதே குரல்தான் வந்திருக்கும். கையில் கசிவைக் காட்டும் மீட்டர் இருக்கிறது, குழாய் மூட்டில் தடவ சோப்புத் தண்ணீர் இருக்கிறது, வேலை நடக்கிறது என்று விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ஒரு புகார் வந்தது. மூன்றாவது மாடி. திரைச்சீலை தைக்கிற பெண், வயது முப்பதுக்குள் இருக்கும். கூடம் முழுக்கத் துணி, இடுப்பில் கைக்குழந்தை. கணவன் ஷிஃப்ட் வேலைக்குப் போயிருந்தான்.

"மூணு நாளா வாடை வருது சார். பயந்துபோய் ஜன்னலையெல்லாம் திறந்தே வச்சிருக்கேன். இங்க, இந்த அடுப்படித் தொட்டிக்கு அடியில."

குனிந்து மீட்டரை நீட்டினேன். பூஜ்யம். மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவினேன். ஒரு குமிழ்கூட வரவில்லை. காற்று எல்லா ஜன்னல் வழியாகவும் பிய்த்துக்கொண்டு போனது.

இங்கே ஒரு விதி இருக்கிறது. காற்றோடு கலந்துபோன சின்னக் கசிவு மீட்டரில் ஏறாது, மூக்கில் ஏறும். மீட்டர் இல்லை என்று சொல்லி மூக்கு உண்டு என்று சொன்னால், மூக்கைத்தான் நம்ப வேண்டும். குழாயை மூடிவிட்டு, இன்னொரு ஆளை வரவழைத்து, சுவர் ஓரத்தைத் திறந்து பார்க்க வேண்டும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு இந்த வகுப்பை எடுப்பதே நான்தான்.

"இப்ப வருது பாருங்க, வருதுல்ல சார்?" என்று அவள் என் முகத்தையே பார்த்தாள்.

கண்ணை மூடினேன். நன்றாக இழுத்து, நிதானமாக விட்டேன். தலையைச் சற்றுச் சாய்த்து இன்னொரு தடவை இழுத்தேன். இருபத்திரண்டு வருடப் பழக்கம், அதெல்லாம் தானாகவே வரும்.

"அது சாக்கடை வாடைம்மா. தொட்டிக் குழாய்ல இருந்து வருது. கேஸ் இல்ல."

"அப்பாடா. சும்மா உங்கள அலைய விட்டுட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள். கசிவு இல்லை என்று எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு இறங்கினேன். படியில் இறங்கும்போது ஏதாவது உறுத்தியதா என்று பின்னால் யோசித்துப் பார்த்தேன். உறுத்தவில்லை. மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் சனிக்கிழமை, விடுமுறை. மனைவி மருந்துக்கடைக்கு வேலைக்குப் போயிருந்தாள். சாயங்காலத்துக்குள் இரண்டு ஈடு வறுக்க வேண்டியிருந்தது. முதல் ஈடு பதமாக வந்தது. அதை இறக்கிச் சல்லடையில் கொட்டி, இரண்டாம் ஈட்டுக்காக அடுப்பைச் சிறிதாக எரியவிட்டு, பக்கத்து மேடையில் வைத்து ஹேர் டிரையரை அடித்தேன். தோல் பறந்தது. கொட்டை ஆறியதும் டிரையரை நிறுத்திவிட்டு, இரண்டாம் ஈட்டை வாணலியில் போட்டு அடுப்பில் ஏற்றி, திருகைக் கொஞ்சம் கூட்டிவைத்துக் கிளற ஆரம்பித்தேன். காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஜன்னல் சாத்தியிருந்தது. தோல் வெளியே பறந்து பக்கத்து வீட்டுத் துணியில் ஒட்டுகிறது என்று ஒரு சண்டை ஏற்கெனவே நடந்திருந்தது.

கொட்டை பச்சையாகவே இருந்தது. வாணலி ஆறிப்போயிருக்கும், சூடேற நேரமாகிறது என்று நினைத்தேன். முதல் ஈட்டில் இன்னும் தோல் ஒட்டியிருந்தது கண்ணில் பட்டது. வாணலி சூடேறுவதற்குள் அதை ஊதிவிடலாமே என்று டிரையரைக் கையில் எடுத்தேன்.

வாசல் கதவு திறந்தது. வேலை முடிந்து திரும்பிய என் மனைவி செருப்புக் காலோடு ஓடிவந்தாள்.

"சுவிட்சத் தொடாதீங்க!"

என் மணிக்கட்டில் ஓங்கி ஓர் அடி. டிரையர் தரையில் விழுந்தது. அடுப்பைத் திருகி மூடினாள், ஜன்னலைத் தள்ளித் திறந்தாள், சட்டையைப் பிடித்து என்னைக் கூடத்துக்கு இழுத்துவந்தாள். நான் வாணலியின் பக்கம் திரும்பிப் பார்த்தேன். டிரையர் காற்றில் அடுப்பு எப்போதோ அணைந்திருக்கிறது, வாணலியின் அடியில் நான் குனிந்து பார்க்கவேயில்லை. கேஸைத் திறந்துவிட்டுக்கொண்டு அதன்மேல் காபிக்கொட்டையைக் கிளறிக்கொண்டிருந்திருக்கிறேன். சுவிட்சைத் தொடாதீர்கள் என்பது நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியும் வாக்கியம்.

"மாடிப்படி வரைக்கும் வீசுது. உங்களுக்குத் தெரியல?"

நான் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டேன்.

"ஏங்க, உங்களுக்குத் தெரியலையா?" இப்போது குரல் இறங்கியிருந்தது.

"தெரியல."

"எத்தன நாளா?"

"அந்தக் காய்ச்சல்ல இருந்து."

நாற்காலியில் உட்கார்ந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப தினமும் சமையல் வாசனை தூக்குதுன்னு சொன்னது? என் தலைல காபி வாடை அடிக்குதுன்னு கேலி பண்ணினது? எல்லாம் சும்மாவா?"

"ஆமா."

"வேலைக்குப் போனீங்களே. வீடு வீடாப் போனீங்களே."

அப்போதுதான் திரைச்சீலைக்காரப் பெண்ணின் முகம் ஞாபகம் வந்தது. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த முகம். "நீ என்கூட வா" என்றேன். எங்கே என்று அவள் கேட்கவில்லை. அவள் மூக்குதான் எனக்கு வேண்டியிருந்தது, அது அவளுக்கும் புரிந்துவிட்டது.

மீட்டரை எடுத்துக்கொண்டேன். ஸ்கூட்டரில் பத்து நிமிஷம். மூன்றாவது மாடியில் அழைப்பு மணியைத் தொடாமல் கதவைத் தட்டினேன். அந்தப் பெண் திறந்தாள். என் மனைவி வாசலைக்கூடத் தாண்டவில்லை.

"இருக்குங்க. நல்லாவே இருக்கு."

குழந்தையோடு அந்தப் பெண்ணைப் படிக்கட்டுக்கு அழைத்துப்போகும்படி மனைவியிடம் சொன்னேன். வெளிச்சுவரில் இருந்த அந்த வீட்டு வால்வை மூடினேன். உள்ளே போய் ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்தேன். எல்லாமே சாத்தியிருந்தன. தொட்டிக்கு அடியில் மீட்டரை நீட்டினேன். இப்போது அது கத்தியது. பக்கத்தில் ஒரு பினாயில் பாட்டில், பாதி காலி.

எல்லோரும் கீழே இறங்கினோம். அந்தப் பெண் மூச்சு வாங்கப் பேசிக்கொண்டே வந்தாள்.

"குழந்தைக்குச் சளி சார். நேத்து நீங்க சொல்லிட்டுப் போனதும் எல்லா ஜன்னலையும் சாத்திட்டேன். மூணு நாளைக்கப்புறம் நேத்துதான் நிம்மதியாத் தூங்கினோம். காலைல வாடை இன்னும் ஜாஸ்தியா இருந்துச்சு. நீங்க சாக்கடைன்னு சொன்னீங்களேன்னு பினாயில் ஊத்தினேன். மத்தியானம் பாலைச் சுட வைக்கணும்னு தீப்பெட்டிய எடுத்தேன், இவன் அழுதான்னு வச்சுட்டு வந்தேன்."

மதில் ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். காதுக்குள் ரத்தம் அடித்தது. ஐந்து மாதமாக எதற்கும் வராத பயம் மொத்தமாக அப்போது வந்தது. அந்தக் குழந்தை என் மனைவியின் வளையலை இழுத்துக்கொண்டிருந்தது.

மேலதிகாரிக்குப் போன் போட்டு முகவரியைச் சொல்லி, உடனே ஆள் அனுப்பச் சொன்னேன்.

"நேத்து நீங்க பார்த்த வீடுதானே அண்ணே? மீட்டர் கோளாறா? அந்த செட்டே அப்படித்தான். மீட்டர் ஃபெயில்னு நான் எழுதிக்கறேன், நீங்க டென்ஷன் ஆகாதீங்க."

எனக்காக அவரே கதவைத் திறந்து வைத்துவிட்டார். 'ம்' என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். என் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மீட்டர் நல்லாத்தான் இருக்கு. எனக்கு வாசனையே தெரியல. அஞ்சு மாசமாத் தெரியல. நான் போன வீடு எல்லாத்துக்கும் மறுபடி ஆள் போகணும்."

"அங்கேயே இருங்க, நானே வரேன்" என்றார். 'அண்ணே' என்று சொல்லவில்லை.

போனை வைத்தேன். அந்தப் பெண் முழுவதையும் கேட்டிருக்கிறாள். என் மனைவியின் கையிலிருந்து குழந்தையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருக்கலாம்.

"அப்ப நேத்து கண்ண மூடிக்கிட்டு ரெண்டு தடவ மோந்து பாத்தீங்களே சார்," என்று கேட்டாள், "அது என்ன?"

"நடிச்சேன்மா" என்றேன்.