கலைக்காத கயிறு

பிள்ளை பெற்றவளுக்கு வைக்கும் சூப்புக்கு மியோக் என்ற கடற்பாசி நீளமாக இருக்க வேண்டும். மடிக்கக் கூடாது, ஒடிக்கக் கூடாது, விலை பேசவும் கூடாது. ஒடிந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆகாது என்பது கொரியாவின் வாண்டோ தீவுகளில் யாரும் மீறாத வழக்கம். யொன்சிமின் மகள் மிரானுக்கு மார்ச்சில் தலைப்பிரசவம். யொன்சிம், பாசி வளர்க்கக் கடலில் கட்டிய தன் கயிறுகளில் ஒன்றை அதற்கென்றே ஒதுக்கி வைத்திருந்தாள். பாசிக்காரி மகளுக்குக் கடைப் பாசியா என்று ஊர் கேட்டுவிடக் கூடாதே.

டிசம்பரில் முளை ஒரு சாண் வந்ததும் கயிற்றைக் கலைக்க வேண்டும். நாலில் மூன்றைப் பிய்த்து எறிந்தால்தான் மிச்சத்துக்கு வெளிச்சமும் நீரோட்டமும் கிடைத்து ஆள் உயரம் வளரும். இத்தனை வருஷமும் அந்த வேலையைப் புருஷன் பாங்சுல்தான் செய்தான். அவன் அக்டோபரில் போய்ச் சேர்ந்துவிட்டான்.

யொன்சிம் படகில் குனிந்து ஒரு முளையைப் பிடித்தாள். கை வரவில்லை. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால், வலையெல்லாம் காலியாக வந்த வருஷம், கயிறு கலைத்துக்கொண்டே பாங்சுல் சொன்னான்: "ஒண்ணு போனாத்தான் மத்த மூணும் பிழைக்கும்." நாலு பிள்ளைகளில் கடைக்குட்டி கும்சுனுக்கு அப்போது இரண்டு வயது. வெளிநாட்டுக்குத் தத்து அனுப்ப சியோலிலிருந்து வந்த ஒரு ஆளிடம் அவளைக் கொடுத்தார்கள். எந்த நாட்டுக்குப் போனாள் என்று இன்றுவரை தெரியாது. பெற்றவளுக்கு இதைவிடப் பாவம் வேறு உண்டா?

பக்கத்துப் படகிலிருந்து மால்சுன் எட்டிப் பார்த்தாள்.

"ஏ மிரான் அம்மா, பாசி வளக்கிறியா, சந்தைக் கூட்டம் சேக்கிறியா? புடுங்கிப் போடு."

ஆகட்டும் என்று சொல்லிவிட்டு யொன்சிம் ஒன்றைக்கூடப் பிடுங்கவில்லை. இவ்வளவு பெரிய கடலில் இதுகளுக்கு இடமா இல்லை, எல்லாமே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

மார்ச்சில் கயிற்றை இழுத்தபோது கனமே இல்லை. ஒரு இலைகூட முழங்கை நீளம் தாண்டவில்லை, அடியெல்லாம் மஞ்சள். பாதிக்கு மேல் அழுகி உதிர்ந்து தண்டு மட்டும் நின்றது. அவள் செய்ய மறுத்ததை, வெளிச்சத்துக்கு அடித்துக்கொண்டு அதுகளே செய்து முடித்திருந்தன. மிஞ்சியதும் உருப்படவில்லை. யொன்சிம் படகிலேயே உட்கார்ந்து அழுதாள். ஊரில் கேட்டால் நீள இலை தருவார்கள்தான். கேட்க வாய் வரவில்லை. இருந்ததை உலர்த்தி எடுத்துக்கொண்டு கப்பல் ஏறினாள்.

மொக்போ நகரத்தில் மிரான் பெண் குழந்தையோடு படுத்திருந்தாள். மூட்டையைப் பிரித்ததும் அவள் முகம் மாறியது. இவ்வளவு குட்டையாக இருக்கிறதே, கயிற்றைக் கலைக்கவில்லையா என்று கேட்டாள். யொன்சிம் மறைக்கவில்லை. கும்சுன் ஞாபகம் வந்தது, பிடுங்க மனசு வரவில்லை என்றாள். அந்தப் பெயர் அவர்கள் வீட்டில் வெளியே வந்து இருபத்தாறு வருஷம் ஆகியிருந்தது.

மிரான் குழந்தையின் போர்வையை இழுத்துவிட்டாள்.

"எனக்கு அப்ப ஆறு வயசும்மா. அவள அனுப்பின அன்னைக்கு, பழக்கத்துல அவளுக்கும் ஒரு கிண்ணம் சோறு வச்சிட்டே. வச்சிட்டு அழுதுகிட்டே வெளிய போயிட்டே. அந்தச் சோத்த நான்தான் தின்னேன்."

"பசிச்ச புள்ள தின்னா என்னடி."

"வயிறு நெறஞ்சுதும்மா. அவ திரும்பி வந்துடக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன்."